உயிரணுக்களின் தூதும் அறிவிப்பாளர் தொடரும்

ஒரு செய்தி நம்மை வந்தடையும்போது, அதில் என்ன சொல்லப்பட்டுள்ளது என்று பார்ப்பதோடு, அதைக் கொண்டுவந்தவர் யார், அவர் அதனை யாரிடமிருந்து பெற்றார் என்றும் வினவுவது நபிமொழிக்கலை வல்லுநர்களின் வழக்கம். மத்ன் எனப்படும் மூலவாசகத்தையும் ஸனத் எனப்படும் அறிவிப்பாளர் தொடரையும் தனித்தனியே நிறுத்தி ஆராய்ந்த பிறகே அவர்கள் ஒரு செய்தியை ஏற்றனர். இன்றைய உயிரியலில் வேகமாக வளர்ந்துவரும் ஒரு துறையிலும் இவ்விரு வினாக்களே மையமாக நிற்கின்றன. உயிரணுக்கள் தம்மிடமுள்ள ஆர்.என்.ஏ.வை நுண்ணிய பைகளில் இட்டு வெளியே அனுப்புகின்றன என்பதே அத்துறை கண்டறிந்த உண்மை. அது எவ்வாறு நிகழ்கிறது, அதில் எந்த அளவு உறுதியானது என்பதை ஈண்டு நோக்குவோம். இதே உண்மையின் பெயரால் நோயாளிகளிடம் சரக்கு விற்கப்படுவதால், இது வெறும் ஏட்டறிவுக்குரிய வினாவாக நின்றுவிடவில்லை.

செய்தியும் உறையும்

உயிரணுவின் கருவில் டி.என்.ஏ. மூல ஏடாக இருக்கிறது. அதிலிருந்து தேவையான பகுதி மட்டும் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டுக் கருவுக்கு வெளியே வருகிறது. புரதம் செய்வதற்கான கட்டளையைச் சுமந்து வரும் படிக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். அரபு நூலோர் இதனை ‘மிர்ஸால்’ என்பர். ரிஸாலா, ரஸூல் ஆகிய சொற்கள் பிறந்த வேரிலிருந்தே இச்சொல்லும் பிறந்தது. மற்றொரு வகை மைக்ரோ ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட இச்சிறு துணுக்கு, தூது ஆர்.என்.ஏ.வின் கட்டளை நிறைவேறாமல் தடுக்கும் ஆற்றலுடையது. 1993இல் ஒரு சிறு புழுவில் இது கண்டறியப்பட்டது. இதற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகிய இருவருக்கும் 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆர்.என்.ஏ.வின் பணி அது பிறந்த உயிரணுவிற்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும் என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. குருதியிலும் பிற உடல்நீர்களிலும் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள் நிறைந்துள்ளன. காப்பின்றி வெளியே வரும் ஆர்.என்.ஏ. அங்கு நெடுநேரம் நிலைப்பதில்லை. எனவே ஆர்.என்.ஏ. ஓர் உயிரணுவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின் அதற்கு ஓர் உறை தேவை.

அவ்வுறை அறிவியலாரின் கண்ணில் முன்னரே பட்டிருந்தது. எனினும் அதன் மதிப்பை அவர்கள் உணரவில்லை. 1967இல் பீட்டர் உல்ஃப் என்பார் குருதித் தட்டணுக்களிலிருந்து உதிரும் நுண்துகள்களைக் கண்டு அவற்றைத் ‘தட்டணுத் தூசி’ என்றார். 1983இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவினரும், அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் பிலிப் ஸ்டால் குழுவினரும், முதிர்ந்துவரும் சிவப்பணு தனக்கு இனித் தேவைப்படாத புரதத்தை நுண்பைகளில் இட்டு வெளியேற்றுவதைக் கண்டனர். ஆகவே இவை குப்பைப் பைகள் என்றே கருதப்பட்டன. 1996இல் கிராசா ரபோசோவும் அவருடைய சகஆய்வாளர்களும், பி வகை வெள்ளணுக்கள் வெளியிடும் இத்தகைய பைகள் டி வகை வெள்ளணுக்களைத் தூண்டுவதை நிறுவினர். அதன் பின்னரே தூசி என்ற எண்ணம் மாறத் தொடங்கியது.

நுண்பை உருவாகும் விதம்

அரபியில் உயிரணுவுக்கு ‘கலிய்யா’ என்று பெயர். தேன்கூட்டைக் குறிக்கும் பழஞ்சொல் அது. நுண்பைக்கு ‘ஹுவைஸிலா’ என்று பெயர். பறவையின் இரைப்பையைக் குறிக்கும் ‘ஹவ்ஸலா’ என்ற சொல்லின் தஸ்கீர் வடிவம், அஃதாவது குறுமை வடிவம் அது. இரையைச் செரிக்கும் முன் சேமித்து வைக்கும் பை என்ற பொருள் இங்கு நன்கு பொருந்துகிறது.

இந்நுண்பைகள் முதன்மையாக இரு வழிகளில் உருவாகின்றன. ஒன்று நேரான வழி. உயிரணுவின் வெளிச்சவ்வே வெளிநோக்கிப் புடைத்து, கழுத்துச் சுருங்கி, பையாகத் துண்டிக்கப்படுகிறது. மற்றது சுற்றுவழி. உயிரணுவின் உள்ளே ‘எண்டோசோம்’ எனும் அறை ஒன்று உண்டு. அதன் சுவர் உள்நோக்கிக் குழிந்து பல சிறு பைகளைத் தன்னுள் ஈனுகிறது. பிறகு அவ்வறை நகர்ந்து சென்று வெளிச்சவ்வோடு ஒன்றிணைந்து திறக்க, உள்ளிருந்த சிறு பைகள் வெளியே சிந்துகின்றன. இவ்வாறு வெளிவருபவையே எக்சோசோம்கள். இவற்றின் குறுக்களவு ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் கிடைப்பதே ஒரு நானோமீட்டர்.

இரு வழிகளிலும் ஒரு நுட்பம் உண்டு. சவ்வு குழியும்போது உயிரணுவின் உள்நீரில் ஒரு துளி பைக்குள் அகப்படுகிறது. அத்துளியில் மிதக்கும் ஆர்.என்.ஏ.வும் உடன் அகப்படுகிறது. கொழுப்புச் சவ்வு அதனை நொதிகளிடமிருந்து காக்கிறது.

அகப்படுவது தற்செயலா, தேர்வா? இரண்டும் உண்டு என்பதற்குச் சான்றுகள் உள்ளன. உயிரணுவில் மிகுந்திருக்கும் ஆர்.என்.ஏ. பையிலும் மிகுதியாக இடம்பெறுவது இயல்பு. ஆயினும் சில துணுக்குகள் விகிதத்தை மீறிப் பைகளில் குவிகின்றன. 2013இல் மாட்ரிட் ஆய்வாளர்கள், மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் குறிப்பிட்ட எழுத்துத் தொடர்களைப் பற்றிக்கொண்டு அதைப் பைக்கு இட்டுச்செல்லும் ஒரு புரதத்தைக் கண்டனர். நுண்பைப் போக்குவரத்து ஆய்வுக்காக 2013இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான ராண்டி ஷெக்மனின் குழுவினர், 2016இல் அத்தகைய மற்றொரு புரதத்தை அறிவித்தனர். 2022இல் ரொனால்டு கான் குழுவினர், வெளியே அனுப்பப்படுவதற்குரிய எழுத்துத் தொடர்களும் உள்ளேயே நிறுத்தப்படுவதற்குரிய எழுத்துத் தொடர்களும் உண்டு என்றும், அவை உயிரணுவின் வகைக்கேற்ப வேறுபடும் என்றும் காட்டினர். மடலின் மேலெழுதிய முகவரி போன்றது இது.

சென்று சேர்ந்ததா?

2007இல் சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹாதி வலாதி, யான் லோட்வால் ஆகியோர் அடங்கிய குழுவினர் செய்த சோதனை இத்துறையின் திருப்புமுனை. எலியின் உயிரணுக்கள் வெளியிட்ட எக்சோசோம்களில் தூது ஆர்.என்.ஏ.வும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் இருப்பதை அவர்கள் கண்டனர். பின்னர் அவற்றை மனித உயிரணுக்களோடு சேர்த்து வைத்தபோது, மனித உயிரணுக்களுக்குள் எலியின் புரதங்கள் தோன்றின. அனுப்பப்பட்ட ஓலை படிக்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

இதன் பிறகு ஆய்வுக் கட்டுரைகள் பெருகின. பெரிய கூற்றுகளும் பெருகின. அவற்றை எடைபோட, நமக்குப் பழக்கமான கலைச்சொற்களே உதவுகின்றன. ‘அன்’ என்ற சொல்லைக் கொண்டு அறிவிக்கப்படும் ஹதீஸ் தொடர்பறாததாக ஏற்கப்பட, அறிவிப்பாளர் இருவரும் சந்தித்தது நிரூபிக்கப்பட வேண்டும் என்பது இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் நிபந்தனை என அறிஞர் கூறுவர். இருவரும் ஒரே காலத்தவராக இருந்து, சந்திப்பு சாத்தியமாக இருந்தாலே போதும் என்பது இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. நுண்பையிலும் ஓர் ஆர்.என்.ஏ. உண்டு, பெறும் உயிரணுவிலும் அதுவே உண்டு என்பது ஒருகாலத்தவராக இருப்பதற்கு ஒப்பானது. பெறும் உயிரணு அதனைத் தானே படைத்திருக்கவும் கூடுமல்லவா? எலி – மனித சோதனையின் சிறப்பு, அது சந்திப்பையே நிறுவ முயன்றதில் உள்ளது.

இரண்டாவது, இத்ராஜ். அறிவிப்பாளரின் சொந்தச் சொல் நபிமொழியோடு கலந்துவிட்டால் அது ‘முத்ரஜ்’ எனப்படும். ஆய்வகங்களில் உயிரணுக்களை வளர்க்கும் ஊட்டநீரில் கன்றின் குருதிநீர் சேர்க்கப்படுவது வழக்கம். அதில் அக்கன்றின் நுண்பைகளும் ஆர்.என்.ஏ.வும் இருக்கும். அவற்றை முறையாக அகற்றாவிடில், கன்றின் ஆர்.என்.ஏ.வை உயிரணுவின் செய்தியாக எண்ணிவிட நேரும்.

மூன்றாவது, கொண்டுவந்தவர் யார் என்ற வினா. குருதிநீரில் காணப்படும் மைக்ரோ ஆர்.என்.ஏ. அனைத்தும் நுண்பைகளில் வருவதாகக் கருதப்பட்டது. 2011இல் சியாட்டில் ஆய்வாளர்கள், அதன் பெரும்பகுதி பைக்கு வெளியே ‘ஆர்கோநாட்’ என்னும் புரதத்தோடு பிணைந்தே இருப்பதைக் காட்டினர். 2014இல் அவர்கள் எண்ணிக்கையையும் ஆராய்ந்தனர். மிகுதியாகக் காணப்படும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் ஒரேயொரு படியைக் காணவும் சராசரியாக நூற்றுக்கு மேற்பட்ட எக்சோசோம்களைத் தேட வேண்டியிருந்தது. பெரும்பாலான உறைகளுள் நாம் தேடும் மடல் இல்லை. மேலும், பெறும் உயிரணு நுண்பையை விழுங்கினாலும், அதனைப் பெரும்பாலும் செரிமான அறைக்கே அனுப்புகிறது. அங்கிருந்து தப்பி உள்நீரை அடையும் ஆர்.என்.ஏ. மட்டுமே செயற்பட முடியும்.

இக்குறைகளை வெளிக்கொணர்ந்தவர்கள் வெளியாட்களல்லர், ஆர்.என்.ஏ. ஆய்வாளர்களே. பன்னாட்டு ஆய்வாளர் கழகம் 2014இல் குறைந்தபட்ச நெறிகளை வகுத்து, 2018இலும் 2024இலும் அவற்றை விரிவுபடுத்தி வெளியிட்டது. ஒரு பையின் தோற்றுவாய் நிறுவப்படாதவரை அதனை எக்சோசோம் என்று அழைக்காமல் ‘உயிரணுப்புற நுண்பை’ என்ற பொதுப்பெயராலேயே குறிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இன்னாரென்றோ நம்பகமானவரென்றோ அறியப்படாத அறிவிப்பாளரை ‘மஜ்ஹூல்’ என்று எழுதி வைத்த ஒழுக்கத்தை இது நினைவூட்டுகிறது.

பயனும் வணிகமும்

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். நோயைக் கண்டறிவதற்கு, நுண்பை எங்கிருந்து புறப்பட்டது என்று தெரிந்தால் போதும். அது எங்கும் சென்று சேர வேண்டியதில்லை. 2008இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், மூளைப் புற்றுநோயாளர் சிலரின் குருதிநீரிலிருந்து பிரித்த நுண்பைகளில் அக்கட்டிக்கே உரிய ஆர்.என்.ஏ.வைக் கண்டனர். சிறுநீரின் நுண்பைகளிலுள்ள மூன்று மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வைக் கொண்டு புராஸ்டேட் புற்றுநோயின் கடுமையைக் கணிக்கும் சோதனை 2016இல் வெளியான ஆய்வில் பயன் தந்தது. இவை சாட்சியத்தின் அளவில் நிற்பவை. ஆதலால் உறுதி கூடியவை.

சிகிச்சைக்கோ செய்தி சென்று சேர்ந்து செயற்பட வேண்டும். ஐயங்கள் நிறைந்திருப்பது அங்குதான். ஆனால் வணிகம் முந்திக்கொண்டதும் அங்குதான். மூட்டுவலி முதல் முகச் சுருக்கம் வரை எக்சோசோம் ஊசி தீர்க்கும் என்ற விளம்பரங்கள் பல நாடுகளிலும் பரவின. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இத்தகைய சரக்கைச் செலுத்திக்கொண்ட நோயாளிகள் கடும் பாதிப்புக்குள்ளான பின்னர், அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் பொது எச்சரிக்கை விடுத்தது. தான் அங்கீகரித்த எக்சோசோம் மருந்து எதுவுமில்லை என்றும் அதில் தெளிவுபடுத்தியது. நோயுற்றவனின் நம்பிக்கையைக் காசாக்கும் இச்செயலை நம் ஃபிக்ஹு நூல்கள் ‘கரர்’ என்றும் ‘தத்லீஸ்’ என்றும் பெயரிட்டுத் தடுத்துள்ளன.

விற்பவருக்குரிய எச்சரிக்கை நமக்கும் உரியதே. புதிய கண்டுபிடிப்பு ஒன்று வெளியானவுடன் அதற்கொரு வசனத்தைத் தேடிப் பொருத்தி, இது முன்னரே சொல்லப்பட்டுவிட்டது என்று எழுதும் போக்கு நம் மேடைகளிலும் ஏடுகளிலும் உண்டு. தூது ஆர்.என்.ஏ. என்ற பெயரே அத்தகைய ஆசையைத் தூண்டக்கூடும். 2007இல் எழுந்த உற்சாகத்தை 2011இலும் 2014இலும் வந்த ஆய்வுகள் திருத்தின. நாளை வருபவை இவற்றையும் திருத்தக்கூடும். மாறக்கூடிய கருத்தின்மீது மாறாத இறைவாக்கை ஏற்றி வைப்பது மரியாதையாகாது. செய்தி வந்தால் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. அதன் கருத்து ஆய்வகத்துக்கும் மருந்தகத்துக்கும் மேடைக்கும் ஒருங்கே பொருந்தும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு சவ்வுத் துளிக்குள் ஒரு கட்டளை காக்கப்பட்டுப் பயணம் செய்வது படைப்பாளனின் வல்லமைக்குப் போதிய சான்று. அதற்கு நம் மிகைப்படுத்தல் வேண்டியதில்லை. எக்சோசோம் சிகிச்சை என்று எவரேனும் நம் குடும்பத்தாரிடம் சொன்னால், நாம் கேட்க வேண்டியவை மூன்று: இது எந்த உயிரணுவிலிருந்து எடுக்கப்பட்டது? இதனுள் இருப்பது இன்னதென எவ்வாறு நிறுவினீர்கள்? இது நோயாளியின் உயிரணுவைச் சென்றடைந்து செயற்பட்டதற்குச் சான்று என்ன? ஸனத் கேட்டுப் பழகிய சமுதாயத்திற்கு இவ்வினாக்கள் புதியவையல்ல. வல்லாஹு அஃலம்.