தளர்ந்த குரலும் கேட்போர் கடமையும்

மேடையில் நிற்பவர் திடகாத்திரமானவராயின், சபையோர் அவர் சொல்லை நிறுத்துப் பார்ப்பர். சொல் பிடித்தால் கைதட்டுவர்; பிடிக்காவிட்டால் முணுமுணுப்பர். ஆனால், நோயால் நலிந்த முதியவர் ஒருவர், இருவர் தோள்களைப் பற்றிக்கொண்டு மேடை ஏறும்போது நிகழ்வது வேறு. சபை எழுந்து நிற்கிறது. கண்கள் கலங்குகின்றன. நடுங்கும் கையையும் தளர்ந்த நடையையும் பார்த்தவாறே மக்கள் அவர் பேச்சு முழுவதையும் கேட்டுவிடுகின்றனர். வீடு திரும்பியதும், "ஐயா என்ன சொன்னார்?" என்று வினவினால், "பாவம், மிகவும் மெலிந்துவிட்டார்" என்பதே பெரும்பாலும் விடையாக வரும்.

இந்த இரக்கம் பண்பாட்டின் அடையாளம். அதனைக் குறை கூறுவதற்கில்லை. எனினும், முதியவருக்கு நாம் காட்டும் மரியாதையும் அவர் கூறிய கருத்துக்கு நாம் அளிக்கும் சம்மதமும் ஒன்றுதானா என்பது சிந்திக்கத்தக்க வினா. இலங்கைத் தமிழ் மக்களுக்கு இஃது ஏட்டுக் கேள்வி அன்று.

நம் நாட்டு வரலாற்றில் இதற்குத் தகுந்த எடுத்துக்காட்டு தந்தை செல்வா என அழைக்கப்பட்ட சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களின் இறுதி ஆண்டுகளாகும். 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி மலாயாவிலுள்ள ஈப்போவில் பிறந்த அவர், ஆசிரியராகத் தொழில் தொடங்கிப் பின்னர் அப்புக்காத்தாகி, இராணி அப்புக்காத்து என்ற உயர்வையும் பெற்றார். 1949ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் திகதி இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவினார். அவர் சபையை அதிரவைக்கும் நாவலர் அல்லர். மெல்லிய குரல், சுருங்கிய பேச்சு, அலங்காரம் இல்லாத சொல். பிற்காலத்தில் பார்க்கின்சன் எனப்படும் நடுக்கு நோயும் செவிப்புலன் குறைவும் சேர்ந்துகொண்டமையால் அந்த மெல்லிய குரலும் தேய்ந்தது. கிறிஸ்தவராகிய அவரைச் சைவப் பெருங்குடி மக்கள் "தந்தை" என்று அழைத்தமை அவர்பால் கொண்ட மதிப்பின் ஆழத்தைக் காட்டும்.

இங்கே ஓர் உண்மையை மறத்தலாகாது. மக்கள் அவரை எப்பொழுதும் கண்மூடிப் பின்பற்றினார்கள் அல்லர். 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், அவர் உடல்நலத்தோடு இருந்த காலத்திலேயே, காங்கேசன்துறைத் தொகுதி மக்கள் அவரைத் தோற்கடித்தனர். அன்று அவருடைய சமஷ்டிக் கொள்கை அவர்களுக்கு ஏற்புடையதாகப் படவில்லை. தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956ஆம் ஆண்டில் அதே மக்கள் அவரைத் தெரிவு செய்தனர். இரு முறையும் அவர்கள் ஆளைப் பார்க்கவில்லை; கொள்கையையே நிறுத்துப் பார்த்தனர்.

செல்வநாயகம் அவர்களும் அதனையே விரும்பினார் என்று கொள்ள இடமுண்டு. 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்பதை நிறுவுவதற்காக, அவ்வாண்டு ஒக்டோபரில் தம் பாராளுமன்றப் பதவியைத் துறந்து, அதே தொகுதியில் மீண்டும் போட்டியிட முன்வந்தார். இடைத்தேர்தல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாமதமாகி, 1975ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதியே நடந்தது. அவருக்கு 25,927 வாக்குகளும், எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் வ. பொன்னம்பலம் அவர்களுக்கு 9,457 வாக்குகளும் கிடைத்தன. நோயுற்ற முதியவர் தம் நோயைக் காட்டி அனுதாபம் கேட்கவில்லை. கேள்வியொன்றை முன்வைத்து வாக்குக் கேட்டார். அவரை மதித்தும் மாறாக வாக்களித்தவர்கள் அந்த 9,457 பேருள் பலர் இருந்திருக்கக்கூடும். அவர்களும் தம் கடமையையே செய்தனர்.

அதன்பின் வந்தது வட்டுக்கோட்டை மாநாடு. 1976ஆம் ஆண்டு மே 14ஆந் திகதி, பண்ணாகத்தில், செல்வநாயகம் அவர்கள் தலைமை வகிக்கத் தமிழர் விடுதலைக் கூட்டணியின் முதலாவது தேசிய மாநாடு கூடியது. அப்போது அவருக்கு வயது 78. சமஷ்டி கேட்டுக் கால் நூற்றாண்டு உழைத்த தலைவரின் முன்னிலையில், சுதந்திரத் தமிழீழ அரசு வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறிற்று. பண்டாரநாயக்காவுடன் 1957ஆம் ஆண்டிலும், டட்லி சேனநாயக்காவுடன் 1965ஆம் ஆண்டிலும் அவர் செய்த உடன்படிக்கைகள் நிறைவேறாது போன வரலாறு அந்தத் தீர்மானத்தின் பின்னால் நின்றது.

அம்முடிவைப் பொதுமக்கள் ஏற்ற விதம் ஒரே வகையாக இருக்கவில்லை. இளைஞர் பலருக்கு அது சபதமாயிற்று. பொறுமையே உருவான முதியவரே இவ்வாறு சொல்லிவிட்டார் எனில் பொறுமையின் காலம் முடிந்தது என்று அவர்கள் கொண்டனர். மூத்தோர் சிலர் அதனைப் பேரம் பேசுதற்கான கோரிக்கையாகக் கருதினர். கூட்டணியின் தலைவர்களுள் ஒருவராயிருந்த சௌ. தொண்டமான் அவர்கள், மலையகத் தமிழரின் நிலைமை வேறு என்பதால் தனிநாட்டுக் கோரிக்கையிலிருந்து விலகி நின்றார். அரசாங்கமோ அதே மாதத்தில் அமிர்தலிங்கம் முதலிய தலைவர்களைக் கைது செய்து வழக்குத் தொடுத்தது. ஒரே தீர்மானம் நான்கு செவிகளில் நான்கு பொருளாக ஒலித்தது.

1977ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆந் திகதி செல்வநாயகம் அவர்கள் காலமானார். மூன்று மாதங்களுள் நடந்த பொதுத் தேர்தலில் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. மன்னார்த் தொகுதியும் அவற்றுள் ஒன்று. அந்த வாக்குகளில் எத்தனை பங்கு கொள்கைக்குரியது, எத்தனை பங்கு மறைந்த தந்தைக்குச் செலுத்திய அஞ்சலி என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? பின்வந்த போரின் ஆண்டுகளை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டில் போர் எங்கள் அடம்பன் வழியாகச் சென்றபோது ஊர் வெறுமையாயிற்று, வயல்கள் காடாயின. அதற்குக் காரணம் ஒரு தீர்மானமே என்று கூறுதல் நேர்மையன்று. காரணங்கள் பல, பொறுப்பாளிகளும் பலர். ஆயினும், பெருமுடிவுகள் எடுக்கப்படும் வேளையில், அவற்றின் முன்னும் பின்னும் உள்ளவற்றைச் சபையோர் உரக்க விவாதித்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எழாமல் இருப்பதில்லை.

இது நமக்கு மட்டும் உரிய இயல்பன்று. 1778ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆந் திகதி, இங்கிலாந்தின் பிரபுக்கள் சபைக்குச் சற்றம் பிரபு தம் மகனும் மருமகனும் தாங்கிவர வந்தார். அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுக்குச் சுதந்திரம் வழங்கலாகாது என்று தளர்ந்த குரலில் வாதித்தார். மீண்டும் பேச எழுந்தபோது மயங்கி வீழ்ந்தார், மறுமாதம் காலமானார். கொப்ளி என்ற ஓவியர் அக்காட்சியைப் பெரும் படமாக வரைந்தார். அவர் வீழ்ந்த காட்சி படமாகி நிலைத்தது. அவருடைய வாதத்தை 1783ஆம் ஆண்டின் உடன்படிக்கை பொய்ப்பித்துவிட்டது. குடியேற்ற மக்கள்மீது விதிக்கப்பட்ட வரியை முன்பு துணிந்து கண்டித்த பெருந்தகை அவர். அத்தகையவர் உயிரைக் கொடுத்துச் சொன்ன சொல்லும் பிழையாகலாம் என்பதற்கு இது சான்று.

நம் காலத்திற்கு வருவோம். 2008ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆந் திகதி, அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தது. மூளையிற் கட்டி உள்ளதென்று மூன்று மாதங்களுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்த செனட்டர் எட்வேட் கெனடி மேடையேறினார். மண்டபம் எழுந்து நின்றது, பலர் அழுதனர். அமெரிக்கர் ஒவ்வொருவருக்கும் மருத்துவ வசதி உரிமையாகக் கிடைக்க வேண்டும் என்பதே தம் வாழ்வின் நோக்கம் என்று அவர் வலியுறுத்தினார். சரியாக ஓராண்டு கழித்து, 2009ஆம் ஆண்டு அதே திகதியில் மறைந்தார்.

அடுத்து நிகழ்ந்ததுதான் கவனிக்கத்தக்கது. ஏறக்குறைய 47 ஆண்டுகள் அவர் வகித்த மசாசூசெற்ஸ் ஆசனத்துக்கு 2010ஆம் ஆண்டு ஜனவரியில் தேர்தல் நடந்தபோது, அவர் விரும்பிய சட்டமூலத்தை எதிர்த்த குடியரசுக் கட்சியின் ஸ்கொட் பிரவுண் வென்றார். எனினும் மார்ச் 23ஆந் திகதி அச்சட்டம் கைச்சாத்தாயிற்று. மாநாட்டு மண்டபத்துக் கண்ணீரைக் கொண்டு வாக்குப் பெட்டியின் முடிவை யாரும் கணித்திருக்க முடியாது. சட்டமும் கண்ணீரால் நிறைவேறவில்லை. மாதக் கணக்கான விவாதத்தின் பின்னர் வாக்கெடுப்பினால் நிறைவேறியது. அவர் நினைவுக்கு இதனினும் சிறந்த மரியாதை இல்லை.

தமிழகத்தில் தந்தை பெரியார் 1973ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆந் திகதி சென்னைத் தியாகராய நகரில் ஆற்றிய இறுதிச் சொற்பொழிவையும் நினைத்துப் பார்க்கலாம். 94 வயதில், நோவு தாங்காது இடையிடையே முனகியும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. ஐந்து நாட்களின் பின் காலமானார். அப்பேச்சு ஒலிப்பதிவாகவும் அச்சு நூலாகவும் இருக்கிறது. அவருடைய கொள்கைகளை ஏற்காத என் போன்றோரும் அதனைப் படித்து, இது சரி, இது சரியன்று என அமைதியாக எண்ணிப் பார்க்க முடிகிறது. அச்சில் முனகல் இல்லை. கருத்து மட்டுமே எஞ்சி நிற்கிறது.

இவையெல்லாம் பெரிய மேடைகளின் கதைகள். எங்கள் ஊர்ப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலும் இதே சோதனை உண்டு. கட்டுக்கரைக் குளத்தில் நீர் எவ்வளவு, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பேசும்போது, தள்ளாத வயதிலுள்ள கமக்காரர் ஒருவர் தடியூன்றி எழுந்து, "எல்லாரும் விதையுங்கோ பிள்ளையள்" என்று சொல்லிவிட்டால் போதும். எதிர்த்துப் பேச எவருக்கும் நா எழாது. ஆனால், குளத்து நீர் எவருடைய வயதையும் பார்த்துப் பெருகுவதில்லை. கதிர் வெளிவரும் வேளையில் வாய்க்கால் வற்றினால், அன்று மௌனமாயிருந்த அத்தனை பேரின் வயலும் கருகும். அந்த முதியவரின் வயலும் தப்பாது.

ஆகவே, மாணவர்களே, பெரியவர் ஒருவர் நலிந்த உடலோடு மேடையேறினால் முதலில் எழுந்து நில்லுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை ஓசை செய்யாதிருங்கள். வீடு சென்றபின் அவர் சொன்னவற்றைத் தாளில் எழுதுங்கள். இதே சொற்களை முப்பது வயது இளைஞன் ஒருவன் சொல்லியிருந்தால் ஏற்றிருப்பேனா என்று உங்களையே கேளுங்கள். ஏற்பீர்களாயின் துணிந்து ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையாயின் பணிவோடு மறுத்துரையுங்கள். வள்ளுவர் சபையில் பேசுவோருக்கு அவையறிதல் என ஓர் அதிகாரம் வகுத்ததுபோலவே, கேட்போருக்குக் கேள்வி என ஓர் அதிகாரம் வகுத்துள்ளார்.

நோயைப் பொருட்படுத்தாது ஒரு முதியவர் சபைக்கு வருவது, தம் மெலிவை நமக்குக் காட்டுவதற்காக அன்று. சொல்ல வேண்டிய ஒன்று அவரிடம் எஞ்சியிருப்பதால் வருகிறார். அதனைக் காது கொடுத்துக் கேட்டு, அறிவு கொடுத்து ஆராய்வதே அவருக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான வணக்கம்.