அன்புக்குரியவரின் முகம்: தைல வண்ணத்தில் ஒரு விரைவு ஓவியம்

நோயாளிக்குத் துணையிருப்போரின் நாள்களில் பெரும்பகுதி காத்திருப்பிலேயே கழிகிறது. அந்நேரத்தில் நம் கண்கள் நோயையே கவனிக்கின்றன: காய்ச்சல் தணிந்ததா, கால் வீக்கம் வடிந்ததா, முகம் வெளுத்திருக்கிறதா என்று. நோயைத் தாங்கியிருக்கும் தந்தையை, தாயை, வாழ்க்கைத் துணையை நிதானமாக நோக்கும் பொழுது அரிதாகிவிடுகிறது. அவரை ஓவியமாக வரைய அமர்வது அந்தப் பார்வையை நமக்கு மீட்டுத் தரும். இதற்கு முன்பயிற்சி கட்டாயமன்று. புகைப்படம் போன்ற துல்லியமும் இங்கு நோக்கமன்று. அவரிடம் நாம் காணும் இயல்பு சில தீற்றல்களில் வெளிப்பட்டால் போதும்.

இரண்டு தாய்மார்கள்

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரைச் சேர்ந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், 1514 மார்ச் மாதத்தில் தம் தாயார் பார்பராவைக் கரிக்கோலால் வரைந்தார். 18 பிள்ளைகளைப் பெற்றெடுத்த அந்த அன்னைக்கு அப்போது வயது 63. நெற்றிச் சுருக்கங்களையும் எலும்பு தெரியும் கழுத்தையும் மகன் மறைக்கவில்லை, அழகுபடுத்தவும் இல்லை. இரண்டு மாதங்களில் அன்னை மறைந்தார். 500 ஆண்டுகளைக் கடந்தும் அந்தத் தாள் பெர்லினில் பாதுகாக்கப்படுகிறது.

1888 அக்டோபரில் வின்சென்ட் வான்கோ பிரான்சின் ஆர்ல் நகரில் இருந்தார். அவருடைய தாயாரோ நெதர்லாந்தில் வாழ்ந்தார். கையில் இருந்தது கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றே. நிறமற்ற அந்தப் படத்தில் மனம் நிறைவடையாத வான்கோ, தம் நினைவில் இருந்த தாயைத் தைல வண்ணத்தில் தீட்டினார். உறவினர் தொலைவில் இருந்தாலும், எதிரே அமர இயலாத நிலையில் இருந்தாலும், புகைப்படத்தையும் நினைவையும் துணைகொண்டு நாமும் வரையலாம்.

முதலில் இசைவு

நோயுற்றவரிடம் கேட்டு, அவர் இசைந்த பின்னரே தொடங்க வேண்டும். உடல் மெலிந்து, முடி உதிர்ந்த நிலையில் சிலர் தம் உருவம் பதிவாவதை விரும்பமாட்டார்கள். அவ்விருப்பம் மதிக்கப்பட வேண்டும். அவருடைய கைகளை மட்டும் வரையலாமா, பழைய படத்தைப் பார்த்து வரையலாமா என்று கேட்கலாம். மூக்குக் கண்ணாடி அணிவதா, சால்வை போர்த்துவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். பிறர் எல்லாவற்றையும் முடிவு செய்யும் நாள்களில் இச்சிறு உரிமையும் மதிப்புடையது. இருபது நிமிடங்களுக்கு மேல் அமர வைக்க வேண்டா. அவர் ‘போதும்’ என்றால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

வார்டில் பென்சில், வீட்டில் வண்ணம்

வார்டுக்குள் பென்சிலும் சிறு நோட்டும் மட்டும் போதுமானவை. கரிக்கோலின் தூள் காற்றில் பரவும் என்பதால் அதுவும் வேண்டா. டர்பன்டைன் நெடி மூச்சுக் கோளாறு உள்ளவருக்குத் துன்பம் தரும். கீமோதெரபி பெறுவோருக்குக் குமட்டலைத் தூண்டக்கூடும். ஆக்சிஜன் பயன்படுத்தும் இடத்தருகே எண்ணெய்ப் பொருள்களும் கரைப்பான்களும் தீ அபாயம் உள்ளவை. இவ்விதி வீட்டில் ஆக்சிஜன் பெறுவோர் இருக்கும் அறைக்கும் பொருந்தும்.

ஆகவே முகத்தின் சாய்வு, ஒளி விழும் பக்கம், தோள்களின் நிலை ஆகியவற்றை மருத்துவமனையில் பென்சிலால் குறித்துக்கொள்வோம். தைல வண்ணத்தை வீட்டில், சன்னல் திறந்த வேறோர் அறையில் தீட்டுவோம்.

தீட்டும் முறை

ஒரு சிறிய கேன்வாஸ் பலகை, பன்றிமயிர்த் தூரிகைகள் இரண்டு, நான்கு வண்ணக் குழாய்கள் ஆகியவை போதும். ‘தோல் நிறம்’ என்று விற்கப்படும் குழாயை நாட வேண்டா. மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் நீலம், டைட்டானியம் வெள்ளை ஆகியவற்றைக் கலந்தே நம் மக்களின் மாநிறத்தையும் கருநிறத்தையும் உருவாக்கலாம். சியன்னாவும் நீலமும் சேர்ந்து ஆழ்ந்த கருமை தரும். கருமுடிக்கும் கண்ணிமை நிழலுக்கும் அது உதவும்.

முதலில் நீர்த்த காவியால் தலையின் வடிவத்தைப் பலகையில் குறிக்கவும். பின்னர்க் கண்களைப் பாதி மூடிக்கொண்டு நோக்கினால் சிறு விவரங்கள் மறைந்து, ஒளியும் நிழலும் இரு பெரும் பகுதிகளாகத் தெரியும். நிழற்பகுதியை ஒரே நிறமாக இட்டு, அதன் அருகில் ஒளிப்பகுதியை இடவும். கண், மூக்கு, வாய் ஆகியவை இறுதியில் வரட்டும். கண்ணிமைகளை ஒவ்வொன்றாக வரைவதைவிட, இமை தாழ்ந்திருக்கும் பாங்கைப் பிடித்துவிட்டால் அது அப்பாவின் முகமாகிவிடும்.

பெரிய தூரிகையையே இறுதிவரை பயன்படுத்துவது நன்று. ஈர வண்ணத்தை மீண்டும் மீண்டும் தேய்த்தால் சேறுபோல் கலங்கும். ஒரு தீற்றலை இட்டபின் அதனை விட்டுவிட வேண்டும். நோயின் வெளிறலை மிகைப்படுத்தவும் வேண்டா, மறைக்கவும் வேண்டா. கண்டதைத் தீட்டுவோம்.

முடித்தபின்

தூரிகையைச் சமையல் எண்ணெயில் துடைத்து, பின் சோப்பினால் கழுவினால் டர்பன்டைன் இன்றியே தூய்மையாகும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிவது ஆபத்தானது. அது காயும்போது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். வீட்டுக்கு வெளியே விரித்துக் காயவிடவும், அல்லது நீர் நிரப்பிய மூடியுள்ள உலோகக் கலத்தில் இடவும். சில வண்ணங்களில் நச்சு உலோகங்கள் உண்டு. உண்பதற்கு முன்னும் நோயாளியைத் தொடுமுன்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவும்.

மெல்லிய வண்ணமும் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயச் சில நாள்கள் ஆகும். காய்ந்தபின் அவர் விரும்பினால் ஓவியத்தைக் காட்டுவோம். பலகையின் பின்புறம் அவருடைய பெயரையும் நாளையும் எழுதி வைப்போம். உடல்நிலை இடம் தந்து, அவரும் இசைந்தால், அடுத்த மாதம் இன்னொரு பலகையில் மீண்டும் தொடங்கலாம்.