பூஞ்சணம் வைத்த பந்தி

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் இரண்டு கேள்வி எழுதியிருக்கிறார். இலண்டனில் இருக்கும் மகள் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாராம். பூங்காவில் ஆட்கள் முள் உருண்டைகளைச் சப்பாத்துக் காலால் மிதித்துப் பிளந்து, உள்ளே இருக்கும் பழுப்புக் கொட்டைகளைப் பொறுக்கிச் சுட்டுத் தின்கிறார்கள். செஸ்ட்நட். அதை இங்கே நட்டால் வருமா என்பது முதல் கேள்வி. லயத்துக்குப் பின்னால் நிற்கிற பலாவில் பிஞ்சு நிறையப் பிடிக்கிறது, ஆனால் பாதிக்கு மேல் கறுத்துப் பூஞ்சணம் பூத்து விழுந்துவிடுகிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்பது இரண்டாவது.

முதலாவதை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஐரோப்பியச் செஸ்ட்நட் குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கி எழும் மரம். பசறைக்குப் பக்கத்துப் பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர். இங்கே போர்வை இழுத்து மூடும் குளிர் உண்டு, அந்த மரத்தை உறங்கவைக்கும் குளிர் இல்லை. தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் பழக்கமும் அதற்குக் கிடையாது என்பதால் இரண்டு மரமாவது நட வேண்டும். பொதியில் கொட்டை அனுப்பும் யோசனையை மகள் விட்டுவிடுவது நல்லது. அனுமதியில்லாமல் நடுகைப் பொருள் கொண்டுவருவதை 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அதற்குக் காரணமும் இந்த மரத்தின் கதையிலேயே இருக்கிறது. ஆசிய நாற்றுகளோடு அமெரிக்காவுக்குப் போன ஒரு பங்கசு 1904இல் நியூயோர்க் மிருகக்காட்சிச்சாலை மரங்களில் கண்ணில் பட்டது. அரை நூற்றாண்டுக்குள் அந்த நாட்டுச் செஸ்ட்நட் மரங்களில் முந்நூறு கோடிக்கும் மேல் சாய்ந்துவிட்டன.

பூங்காவில் பொறுக்கும்போது மகள் இலையைப் பார்த்துக்கொள்ளட்டும். தின்னக்கூடிய செஸ்ட்நட்டின் இலை நீளமானது, தனித்தனியானது, ஓரமெல்லாம் வாள்பல். கோது முழுக்க ஊசி ஊசியாக நெருங்கிய முள், உள்ளே இரண்டு மூன்று கொட்டை, ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னக் குஞ்சம். குதிரைச் செஸ்ட்நட் என்று இன்னொன்று அதே பூங்காவில் நிற்கும். அதன் இலை ஒரே காம்பில் ஐந்தாறாக விரிந்திருக்கும், கோதில் முள் குறைவாகவும் தடிப்பாகவும் இருக்கும், கொட்டைக்கு நுனிக் குஞ்சம் இராது. அது நஞ்சு. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு குடும்பம்.

செஸ்ட்நட் குடும்பத்து மரம் ஒன்றுகூட நம் தீவின் காடுகளில் இயற்கையாக இல்லை. ஆனால் அதன் சுவை வேண்டுமென்றால் வாசகர் லயத்தின் பின்பக்கம் போனால் போதும். சுட்ட பலாக்கொட்டையைச் செஸ்ட்நட்டோடு ஒப்பிடாத பழைய ஐரோப்பியப் பயணி அபூர்வம். மற்றக் கொட்டைகள் எண்ணெயைச் சேர்த்து வைக்கும்போது இவை இரண்டும் மாப்பொருளைச் சேர்த்து வைப்பதால்தான் அந்த மாவு மாவான இனிப்பு. இரண்டுக்கும் ஒரே பலவீனமும் உண்டு. நன்றாகக் காய்ந்தால் விதை செத்துவிடும். நெல்லைப்போல மூட்டை கட்டிவைக்க முடியாது. அதனால்தான் நம் ஊர்களில் பலாக்கொட்டையை மணலில் புதைத்துவைத்துப் பஞ்ச மாதத்துக்கு எடுத்தார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. என்னைப் பேனா எடுக்க வைத்தது இதுதான். கறுத்து விழுகிறதே, அது பிஞ்சே அல்ல.

பலாவில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில், வேறு வேறு பூந்துணரில் வருகின்றன. இரண்டுமே பார்வைக்குக் குட்டிப் பலாக்காய்தான். காம்பைப் பாருங்கள். ஆண் துணரின் காம்பு மெல்லியது. பெரும்பாலும் இளங்கொப்புகளில், இலைகளுக்கு நடுவே, விரல் நீளத்துக்கு நிற்கும். தோல் முதலில் வழவழப்பாக இருக்கும். முதிர்ந்ததும் மகரந்தப்பைகள் வெளியே நீட்டி மேலெல்லாம் மஞ்சள் தூள் பூசியதுபோல் ஆகும், இனிப்பு வாசம் எழும். பெண் துணரின் காம்பு தடியானது, துணரோடு சேருமிடத்தில் பச்சை வளையம் ஒன்று இருக்கும், மேற்பரப்பு குறிகள் நீட்டியபடி சொரசொரக்கும். அது அடிமரத்திலும் பெருங்கிளையிலும் வரும். முப்பது கிலோ பாரத்தை வேறு எங்கே தொங்கவிடுவது?

ஆண் துணர் மகரந்தம் கொடுத்து முடிந்ததும் அதற்கு மரத்தில் வேலை இல்லை. முதலில் வெண்பஞ்சு, அதன்மேல் கறுப்புத் தூள், பிறகு காம்போடு தரையில். கறுப்புத் தூள் வித்திகள். றைசோப்பசு என்ற பங்கசுவின் வித்திகள், பழைய பாணில் வளரும் பூஞ்சணத்தின் சொந்தக்காரன். விவசாய நூல்களில் இது நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தோட்டத்துக் கிழவிகள் "அது ஆம்பளப் பிஞ்சு தம்பி, நிக்காது" என்று சொல்லிவிட்டுக் கொழுந்துக்குப் போய்விடுவார்கள். கிழவிகள் சொல்வது சரி, நூல்கள் பாதி சரி. கதை அதையும் தாண்டிப் போகிறது.

2000ஆம் ஆண்டில் ஷோகோ சகாய், மகோதோ கதோ, ஹிதெதோஷி நகமசு என்ற மூன்று ஜப்பானிய ஆய்வாளர்கள், சரவாக் காட்டில் பலாவின் நெருங்கிய உறவான செம்பெடாக் மரத்தை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கேயும் ஆண் துணரில் ஒரு பங்கசு வளர்கிறது. கொசுவிலும் சிறிய ஒரு ஈ வாசத்தைப் பிடித்து வந்து அந்தப் பங்கசு இழைகளைத் தின்கிறது, அதிலேயே முட்டையும் இடுகிறது. குடம்பிகள் இழைகளைத் தின்று அங்கேயே வளர்கின்றன. உடம்பில் ஒட்டிய மகரந்தத்தோடு ஈ பறந்து பெண் துணருக்கும் போகிறது. பெண் துணரிலும் அதே வாசம், ஆனால் பங்கசு இல்லை, தின்ன எதுவும் இல்லை. ஏமாந்து திரும்புவதற்குள் மகரந்தம் குறியில் ஒட்டிவிடுகிறது.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டில் பந்தி நடக்கிறது. சமையற்காரர் பங்கசு. மண்டபத்தைக் கட்டிக் கொடுத்தது மரம். விருந்தாளிகள் தின்றது போதாதென்று பிள்ளைகளையும் பந்தியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள், பிள்ளைகள் மிச்சத்தைத் தின்று அங்கேயே ஆளாகின்றன. வாசலில் பூசிய சந்தனத்தோடு விருந்தாளிகள் பெண் வீட்டுக்கும் போகிறார்கள். அங்கே அதே பந்தல், அதே மேளம், அதே சாம்பார் வாசம், இலை மட்டும் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழும்பியதில் சந்தனம் அங்கே ஒட்டிவிட்டது, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பந்தி முடிந்ததும் மரம் மண்டபத்தை இடித்துத் தரையில் தள்ளுகிறது. இதில் மாப்பிள்ளை யார் என்று கேட்பீர்கள். மாப்பிள்ளைதான் சந்தனம். ஒப்புமையை இதற்குமேல் இழுத்தால் மொய்ப் பணம் யாருக்கு என்ற சண்டை வரும், விட்டுவிடுகிறேன்.

செம்பெடாக் கதையை அப்படியே பலாவின் தலையில் கட்டிவிடக் கூடாது. இணையத்தில் பலர் கட்டிவிட்டார்கள். பலாவுக்குக் காற்றே மகரந்தம் சுமக்கிறது என்று நெடுங்காலம் எழுதி வந்தவர்கள் உண்டு, பல வகைப் பூச்சிகள் என்று சொன்னவர்களும் உண்டு. 2018இல் எலியட் கார்ட்னரும் கூட்டாளிகளும் புளோரிடாவில் பலாவையே ஆராய்ந்தார்கள். ஆண், பெண் இரண்டு துணர்களிலும் அதிகமாகக் கிடைத்தது செம்பெடாக்கின் ஈ சேர்ந்த அதே குடும்பத்து ஈ, அறிவியலுக்கே புதிய இனம். அதுவரை சரி. ஆனால் அந்த ஈ அமெரிக்காவைச் சேர்ந்த இனமாகத் தெரிந்தது, பலாவோ ஆசியாவிலிருந்து அங்கே குடியேறிய மரம். அதாவது ஆயிரக்கணக்கான ஆண்டு கூடி வாழ்ந்த பழைய துணைகள் அல்ல இவை. புது ஊரில் மரம் பந்தி போட்டது, உள்ளூர் ஈ வந்து உட்கார்ந்துகொண்டது. "இயற்கையின் அற்புத ஒப்பந்தம்" என்றெல்லாம் தலைப்புப் போடுகிறவர்களுக்கு இது கொஞ்சம் இடைஞ்சல். எனக்கு இதுதான் ருசி. பூட்டுக்கு ஏற்ற ஒரே சாவி என்று இல்லாமல், வாசம் சரியாக இருந்தால் எந்த ஊர் ஈயும் வேலைக்கு ஆகும் என்றால், பலா கண்டம் விட்டுக் கண்டம் போயும் காய்ப்பதற்கு அது ஒரு விளக்கமாகலாம்.

ஈ வந்ததா வரவில்லையா என்று பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை. பழத்தை வெட்டினால் போதும். பலாப்பழம் என்பது ஒரு பூவின் பழமல்ல, பெண் துணரில் இருந்த நூற்றுக்கணக்கான பூக்கள் ஒட்டி வளர்ந்த கூட்டு. மகரந்தம் சேர்ந்த ஒவ்வொரு பூவும் ஒரு சுளை, அதற்குள் ஒரு கொட்டை. சேராத பூக்கள் வெறும் சடையாக, நாம் பிய்த்து மாட்டுக்குப் போடும் நார்ப்பட்டைகளாக மிஞ்சுகின்றன. ஒரு பழத்தில் நூறிலிருந்து ஐந்நூறு கொட்டை வரை இருக்கலாம். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேளையில் மகரந்தத் துகள் வந்து சேர்ந்ததற்கான பற்றுச்சீட்டு. ஒரு பக்கம் சூம்பி, பள்ளம் விழுந்து, கோணலாக வளர்ந்த பழத்தைச் சந்தையில் விலை குறைத்துக் கேட்பார்கள் அல்லவா? பள்ளம் உள்ள இடத்தில் வெட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே சடைதான் இருக்கும். அந்தப் பக்கத்துப் பூக்களுக்கு மகரந்தம் போய்ச் சேரவில்லை.

வரலாறு கேட்பவர்களுக்குக் கொஞ்சம். 1681இல் அச்சான ராபர்ட் நொக்ஸின் கண்டி இராச்சிய நூலில் பலாவின் மூன்று பருவங்களுக்கான சிங்களப் பெயர்களும் வந்துவிட்டன. பிஞ்சில் பொலஸ், காயில் கொஸ், பழத்தில் வரக்கா. போன நூற்றாண்டில் ஆதர் வி. டயஸ் பத்து இலட்சம் பலா நடும் இயக்கம் நடத்தி "கொஸ் மாமா" என்று பெயர் வாங்கினார். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலாவும் ஈரப்பலாவும் சேர்ந்தன. உங்கள் காணிப் பலாவை நீங்கள் வெட்டவும் அனுமதி வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் பல வீட்டு அடுப்புகளில் பலாதான் வெந்தது.

கொட்டை பொறுக்கப் போகிறவர்கள் மூன்று மரத்தைப் பிரித்தறிய வேண்டும். மூன்றிலும் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். பலாவின் இலை தடித்து, பளபளத்து, ஓரம் வெட்டில்லாமல் இருக்கும். இளங்கன்றில் மட்டும் சில இலை மடல் பிரிந்திருக்கும், அதைக் கண்டு ஈரப்பலா என்று பிடுங்கிவிடாதீர்கள். ஈரப்பலாவின் இலை பெரிது, ஆழமாகக் கிழிந்தது, காய் கிளை நுனியில் தொங்கும், பெரும்பாலும் கொட்டையே இராது. மூன்றாவது சிங்களத்தில் தெல் எனப்படும் மரம், இலங்கையைத் தவிர வேறு எங்கும் இயற்கையாக இல்லாதது. அகன்ற இலை, அலையலையான ஓரம். அதன் சின்னக் கொட்டையை வறுத்துக் கொறிப்பார்கள். செஸ்ட்நட் பொறுக்கும் பழக்கத்துக்கு மிக நெருங்கியது என்னைக் கேட்டால் அதுதான்.

சுடும்போது கொட்டையின் முனையைக் கத்தியால் கீறிவிடுங்கள். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழி இல்லாவிட்டால் தணலோடு வெடித்துக் கண்ணில் தெறிக்கும். இலண்டனில் செஸ்ட்நட்டைக் கீறுவதும் இதற்காகத்தான். பச்சையாகத் தின்ன வேண்டாம். புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்கள் பச்சைக் கொட்டையில் உண்டு, வேகும்போது அவை கெடுகின்றன. சர்க்கரை மூலக்கூறுகளைப் பிடித்து ஒட்டும் ஜக்கலின் என்ற புரதமும் அதில் இருக்கிறது. 1996இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன், ஏ. சுரோலியா குழுவினர் அதன் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டார்கள். ஆய்வுகூடத்தில் நல்ல கருவி. அதை எடுத்துக்கொண்டு "பலாக்கொட்டை புற்றுநோயைக் கரைக்கும்" என்று வட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறவர்கள், குழாயில் நடந்ததும் வயிற்றில் நடப்பதும் ஒன்றென்று நினைக்கிறார்கள். சீனி வருத்தத்துக்குப் பலாக்கொட்டை மா என்று பொதி கட்டி விற்பதும் பெருகியிருக்கிறது. மாப்பொருள் மாப்பொருள்தான். சோற்றைக் குறைத்துவிட்டு அதன் இடத்தில் தின்றால் ஒரு கணக்கு, சோற்றுக்கு மேல் தின்றால் இன்னொரு கணக்கு.

மருந்துக்கு வருவோம். மெல்லிய காம்போடு விழுவதற்கு ஒரு சதமும் செலவழிக்காதீர்கள், அது விழத்தான் வேண்டும். தடித்த காம்பும் பச்சை வளையமும் உள்ளது கறுத்தால் அது வேறு சங்கதி. அதே பங்கசு, விடாமழைக் காலத்தில் உண்மையான இளங்காயையும் பிடிக்கும், நூல்கள் பாதி சரி என்றது இதனால்தான். அப்படி அழுகியதை வெட்டி எடுத்துத் தூரப் புதையுங்கள், கிளைகளை ஐதாக்கிக் காற்றுப் போக விடுங்கள். விழுந்த எல்லாவற்றையும் கூட்டிக் கொளுத்தச் சொல்லும் பழைய அறிவுரையோடு எனக்குச் சண்டை உண்டு. ஈயின் குடம்பி ஆண் துணரில்தான் வளர்கிறது என்றால், அதைக் கொளுத்துவது அடுத்த போகத்து ஈயைக் கொளுத்துவது. பூக்கும் காலத்தில் மரத்துக்குப் பூச்சிகொல்லி அடிப்பதும் அப்படியே. பசறை வாசகர் இந்த முறை மரத்தடியில் விழுந்தவற்றைக் காம்பு பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்து எண்ணட்டும். மெல்லிய காம்புக் குவியல்தான் பெரிது என்றால் கடையில் மருந்துப் போத்தல் கேட்க வேண்டியதில்லை.