ஒரு கையால் தீ மூட்ட முடியுமா? மலையேறுபவர்களுக்கு ஏற்ற தீப்பொறிக் கருவி எது?

வீட்டில் இருக்கும் தீப்பெட்டியை எடுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்னொரு கையால் மட்டும் ஒரு குச்சியைப் பற்றவைத்துப் பாருங்கள். அதுவும் இடது கையால்!

சமையலறையில் இது விளையாட்டு. மலையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்து, மழையில் நனைந்து, இருட்டும் நேரத்தில் குளிர் ஏறத் தொடங்கினால் அது உயிர்ப் பிரச்னை. உடல் சூட்டைக் காக்க, தண்ணீரைக் கொதிக்கவைக்க, தேடி வருபவர்களுக்கு இருக்கும் இடத்தைக் காட்ட என எல்லாவற்றுக்கும் தீ வேண்டும். கடும் குளிரில் அடிபடாத கையும் சொன்னபடி கேட்காது. விரல்கள் மரத்துப்போய்த் தீக்குச்சியைப் பிடிக்கவே முடியாது. ஒரு கையால் இயக்கும் தீப்பொறிக் கருவிகள் உருவானது இதற்காகத்தான்.

பெட்ரோமாக்ஸ் மேண்டிலும் லைட்டர் கல்லும்

சிகரெட் லைட்டரில் பொறி தருவதை நாம் 'கல்' என்கிறோம். உண்மையில் அது கல் அல்ல. இரும்பும் சீரியம் போன்ற அரிய உலோகங்களும் கலந்த ஃபெரோசீரியம் என்ற உலோகக் கலவை. 1903-ல் இதற்குக் காப்புரிமை பெற்றவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக். கல்யாண வீடுகளில் வெளிச்சம் தந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலும் இவரது கண்டுபிடிப்பிலிருந்து வந்ததுதான்.

இந்த உலோகத்தைக் கூர்மையான விளிம்பால் சுரண்டினால் உதிரும் துகள்கள் காற்று பட்டதும் தாமாகவே எரியும். அந்தப் பொறியின் வெப்பம் சுமார் 3,000 டிகிரி செல்சியஸ். நனைந்தாலும் உதறிவிட்டுச் சுரண்டினால் பொறி வரும். நனைந்த தீக்குச்சியிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

அடுப்படி கேஸ் லைட்டரும் ஒரு கையால் இயங்குவதுதானே? அதில் வருவது சிறு மின்பொறி. கேஸைப் பற்றவைக்கும், காட்டில் பஞ்சு, சருகுக்கு அதை நம்ப முடியாது.

மூன்று வகை

முதல் வகை, கட்டைவிரலால் சக்கரத்தைச் சுழற்றுவது. அமெரிக்க விமானப்படை வீரர்களின் உயிர்காப்புப் பெட்டியில் இடம்பெற்ற 'ஸ்பார்க்-லைட்' இந்த ரகம். விரல் நீளம்கூட இருக்காது, எடையே தெரியாது. பொறியைச் சரியாகப் பஞ்சின் மேல் விழவைக்கலாம். ஆனால், பொறி சிறியது. நல்ல பஞ்சு இருந்தால்தான் பிடிக்கும். கட்டைவிரல் மரத்துப்போனாலும் சிரமம்.

இரண்டாவது, அழுத்தும் வகை. 'பிளாஸ்ட் மேட்ச்' இதில் பெயர்பெற்றது. ஸ்பிரிங் மேல் நிற்கும் தடிமனான கம்பியின் முனையைத் தரையில் ஊன்றி, பக்கவாட்டுப் பட்டையை அழுத்தியபடி கருவியைக் கீழே தள்ள வேண்டும். பொறி கொத்தாகக் கொட்டும். நுணுக்கமான விரல் வேலை இல்லை. ஆனால், தள்ளுவதற்கு வலு வேண்டும். ஊன்றும் இடம் கெட்டியாக இருக்க வேண்டும். வேகமாகத் தள்ளினால் அடுக்கிவைத்த பஞ்சும் சருகும் சிதறிவிடும். அளவிலும் பெரியது.

மூன்றாவது, சாதாரண ஃபெரோ கம்பி. உடைவதற்கு ஸ்பிரிங்கோ சக்கரமோ இல்லை; விலையும் குறைவு. இரண்டு கைகளுக்கானது என்றாலும் ஒரு வழி உண்டு. கம்பியை ஷூவுக்கு அடியில் மிதித்து அழுத்திக்கொண்டு, ஒரு கையால் சுரண்டியை இழுக்கலாம். கம்பி நீளமாக இருந்தால்தான் இது கைகூடும்.

வாங்கியதும் செய்ய வேண்டியவை

* பழக்கமில்லாத கையால் பத்து முறை முயலுங்கள். பாதிக்கு மேல் பொறி வரவில்லையென்றால் அது உங்களுக்கானது அல்ல. பெரியவர்களோ பிள்ளைகளோ உடன் வருவதாக இருந்தால், பெரியவர் ஒருவர் மேற்பார்வையில் அவர்களும் முயன்று பார்க்கட்டும்.

* புதுக் கம்பியின் மேல் கறுப்புப் பூச்சு இருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால்தான் பொறி வரும்.

* தண்ணீரில் முக்கி எடுத்து, உதறிவிட்டு முயலுங்கள். பிறகு நன்றாகத் துடைத்து வையுங்கள். ஈரத்திலேயே கிடந்தால் இந்த உலோகம் அரித்துப்போகும்.

* கண்ணைப் பறிக்கும் நிறத்தில், கயிறு கோத்துக் கட்டும்படி இருப்பது நல்லது. இருட்டில் கீழே விழுந்தால் தேட வேண்டுமே!

பொறி மட்டும் போதாது

பொறி ஒரு நொடி மின்னி மறையும். அதைப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். செலவில்லாத வழி, பஞ்சு உருண்டையில் வாசலின் தடவி ஒரு சின்ன டப்பாவில் அடைத்து எடுத்துச்செல்வது. வெறும் பஞ்சு பக்கென்று எரிந்து அணைந்துவிடும். வாசலின் சேர்ந்தால் சில நிமிடங்கள் நின்று எரியும். அதற்குள் சுள்ளி பிடித்துவிடும். பற்றவைக்கும் முன் பஞ்சின் இழைகளைப் பிரித்துவிட வேண்டும். அந்த டப்பாவையும் ஒரு கையால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

அதற்காக லைட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். பை நனையாத வரை, ஒரு கையால் தீ மூட்ட அதைவிட எளிதான வழி இல்லை. உறையும் குளிரில் அதன் வாயு சரியாக ஆவியாகாது. சட்டைக்குள் வைத்துச் சூடேற்றினால் மீண்டும் வேலை செய்யும். லைட்டர் முதலில், பொறிக் கருவி அதற்குத் துணை என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

எங்கே மூட்டக் கூடாது?

தமிழ்நாட்டில் காப்புக்காடுகளுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் பரவிய காட்டுத்தீ, மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்தது. காய்ந்த புல் நிறைந்த சரிவில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எனவே, இந்தக் கருவி தேநீர் போடவோ செல்ஃபி எடுக்கவோ அல்ல, ஆபத்துக்கு மட்டும். அப்போதும் சுற்றிலும் சருகை அகற்றிவிட்டு மூட்ட வேண்டும். சாம்பல் கையில் சுடாத அளவுக்கு ஆறும் வரை தண்ணீர் ஊற்றிக் கிளறி அணைக்க வேண்டும்.

பழகும் இடம் காடு அல்ல, வீட்டு முற்றம்தான். அடுத்த ட்ரெக்கிங்குக்குப் பை கட்டும் முன், ஒரு இரும்புச் சட்டியும் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டு இடது கையால் ஒருமுறை முயன்று பாருங்கள். அங்கே பிடிக்காத தீ, மலையிலும் பிடிக்காது.