திரும்பிவந்த வீட்டைக் கழுவுதல்: எந்த இடத்துக்கு எது?

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பல, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கள் வீட்டைக் காணவில்லை. வன்னியில் இருந்து இடம்பெயர்ந்தவர்கள் சில வருடங்களில் திரும்பினாலும், கூரையின்றி மழையில் நனைந்த சுவர்களையே கண்டார்கள். உங்கள் வீடு இதில் எந்த வகையாக இருந்தாலும் உள்ளே போனதும் எழும் கேள்வி ஒன்றுதான்: இதை எதைக்கொண்டு கழுவுவது?

கடைக்குப் போனால் எல்லாவற்றுக்கும் உதவும் என்று எழுதிய வண்ண வண்ணப் போத்தல்கள் அடுக்கியிருக்கும். கையில் இருக்கும் பணமோ கொஞ்சம். எதை வாங்கலாம், எதை வாங்கத் தேவையில்லை, எதை எதனோடு சேர்க்கக்கூடாது என்பதை இந்தப் பக்கங்களில் விளக்குகிறோம்.

அதற்கு முன் ஒரு விடயம். உங்கள் காணி கண்ணிவெடி அகற்றப்பட்டு ஒப்படைக்கப்பட்டது என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் துப்புரவு வேலையைத் தொடங்க வேண்டாம். வளவில் குவிந்திருக்கும் குப்பையைக் கொளுத்தவும் வேண்டாம். மண்ணுக்குள் வெடிக்காமல் கிடக்கும் பொருள் சூட்டில் வெடிக்கலாம். சந்தேகமான எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியாலேயே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரு போத்தல் உண்டா?

இல்லை. ஆனால் அதற்குக் கிட்டவாக வருவது சாதாரண உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத் தூள். பல்நோக்குத் திரவம் என்று விற்கப்படும் பெரும்பாலானவற்றில் இருப்பதும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் பொருள்தான். அதனுடன் நிறமும் வாசனையும் தண்ணீரும் சேர்ந்திருக்கும். வாசனைக்காகப் பணம் கொடுக்க விரும்பினால் அது உங்கள் விருப்பம். ஊத்தை போவதற்கு அது தேவையில்லை.

அழுக்கு மூன்று விதமாக ஒட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய், புகை, கைபட்ட கறை போன்றவை சவர்க்காரத்துக்கும் சாம்பலுக்கும் விட்டுக்கொடுக்கும். கேத்தலுக்குள் படியும் வெள்ளைப் படிவு, மலசலகூடக் கோப்பையில் ஏறிய மஞ்சள் கறை, இரும்புக் கறை போன்றவற்றுக்குச் சவர்க்காரம் ஒன்றும் செய்யாது. அவற்றுக்குப் புளிப்பு வேண்டும்: தேசிக்காய், வினாகிரி, பழப்புளி. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்கும் பூஞ்சணத்துக்கும் குளோரின் வேண்டும். ஆகவே ஒரு பை சவர்க்காரத் தூள், கொஞ்சம் குளோரின் தூள், ஒரு போத்தல் வினாகிரி ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு வீட்டின் பெரும்பகுதியைக் கழுவிவிடலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறு உள்ளவர்களுக்கு இன்னொரு குறிப்பு. அங்குள்ள தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவதால் கடினமானது. கட்டிச் சவர்க்காரம் அதில் நுரைக்காது, நிலத்தில் வெள்ளையாகப் படியும். பிறகு அந்தப் படிவைக் கழுவ இன்னும் தண்ணீர் வேண்டும். தூள் இந்தத் தண்ணீரிலும் ஓரளவு வேலை செய்யும். மழைநீர் சேர்த்து வைத்திருந்தால் அதைக் கழுவுவதற்கு ஒதுக்குங்கள், நுரை உடனே வரும்.

முதலில் நனையுங்கள், பிறகு கூட்டுங்கள்

பூட்டிக் கிடந்த வீட்டில் வௌவால் எச்சமும் எலிப்புழுக்கையும் தூசியோடு கலந்து கிடக்கும். காய்ந்த நிலத்தைத் தும்புத்தடியால் கூட்டினால் அந்தத் தூள் மூக்குக்குள் போகும். எலியின் சிறுநீர் பட்ட ஈரமான இடத்தில் காலில் காயத்தோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். எனவே யன்னல், கதவுகளை அரை மணித்தியாலம் திறந்து விடுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுங்கள். செருப்பு, முடிந்தால் சப்பாத்து அணியுங்கள். காயத்தை மூடிக் கட்டுங்கள். பிறகு எச்சம் உள்ள இடங்களில் குளோரின் கரைசலைத் தெளித்து, பத்து நிமிடம் விட்டு, ஈரமாகவே அள்ளிப் புதையுங்கள். சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இந்த வேலை முடியும்வரை வெளியே இருக்கட்டும்.

கூரை அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருந்தால் இன்னும் கவனம். உடைந்த துண்டுகளைக் காய்ந்த நிலையில் உடைக்கவோ, அரியவோ, தேய்க்கவோ வேண்டாம். அதிலிருந்து எழும் நுண்ணிய நார் நுரையீரலில் தங்கி, பல வருடங்களுக்குப் பின் கடும் நோயைத் தரக்கூடியது. தண்ணீர் தெளித்து நனைத்து, தடித்த பைக்குள் போட்டுக் கட்டி ஒரு பக்கமாக வையுங்கள். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதைப் பிரதேச சபையிடம் கேளுங்கள். கூரையில் படிந்த பாசியைத் துப்புரவாக்க ஏற வேண்டாம். அது அப்படியே இருப்பதால் கெடுதல் இல்லை.

குளோரின் கரைசல்: இரண்டு அளவு

குளோரின் தூளில் சாதாரணமாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே வீரியமான குளோரின் இருக்கும். திறந்து வைத்தால் அதுவும் குறைந்து போகும். மணம் இல்லாத தூள் பெரும்பாலும் வீரியம் இழந்த தூள். நினைவில் வைக்க இலகுவாக இரண்டு அளவு சொல்கிறோம்.

பாத்திரம், மேசை, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் போன்றவற்றுக்கு ஒரு வாளி, அதாவது 10 லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக ஒரு மேசைக்கரண்டி. மலசலகூடம், எச்சம் கிடந்த நிலம், பூஞ்சணம் பிடித்த சுவர் ஆகியவற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. வாளிக்கு ஒன்று, லீற்றருக்கு ஒன்று. திரவமாக வாங்கியிருந்தால், போத்தலில் 5 வீதம் என்று போட்டிருந்தால், முதலாவதற்கு 10 லீற்றருக்கு அரைக் கோப்பையும், இரண்டாவதற்கு ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீரும் சரி.

பிளாஸ்ரிக் வாளியில் கலக்குங்கள். இரும்பு, அலுமினிய வாளியைக் குளோரின் அரிக்கும். தூளை முதலில் கொஞ்சத் தண்ணீரில் குழைத்துப் பிறகு மிகுதியைச் சேர்த்து, அடியில் மண்டி படிய விட்டு, மேலே தெளிந்ததைப் பாவியுங்கள். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே முடியுங்கள்.

பலர் செய்யும் பிழை, அழுக்கின் மேலேயே குளோரினை ஊற்றுவது. சேறு, சாணி, கொழுப்பு எல்லாம் குளோரினை விழுங்கிவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. முதலில் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி, அதன் பிறகே குளோரின். பூசிப் பத்து நிமிடம் விடுங்கள், உடனே துடைத்தால் பயனில்லை. உணவு படும் பாத்திரத்தைக் கடைசியாக நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

சுவரும் நிலமும்

சாதாரணச் சீமெந்து நிலம் எதையும் தாங்கும், புளிப்பைத் தவிர. வினாகிரியும் தேசிக்காயும் சீமெந்தைக் கரைக்கும். சிவப்புச் சீமெந்து பூசி மினுக்கிய பழைய நிலம் உள்ள வீடுகளில் இது இன்னும் முக்கியம். ஒருமுறை புளிப்புப் பட்டால் மினுக்கம் போய் வெளிறிய தழும்பு நிற்கும். அந்த நிலத்துக்கு இளஞ்சவர்க்காரத் தண்ணீரும் பழந்துணியும் போதும். மாபிளுக்கும் இதே விதிதான். தரை ஓடு போட்டிருந்தால் ஓட்டுக்கு வினாகிரி ஆகும், இடையில் உள்ள சீமெந்துக்கு ஆகாது.

மண் நிலத்துக்குக் குளோரின் வீண். மேல் மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து வெளியே போட்டு, புதுக் களிமண் இட்டு, நன்றாகக் காய்ந்த பின் வழமைபோல மெழுகுங்கள்.

பூஞ்சணம் பிடித்த சுவருக்கு வீரியமான கரைசலைப் பூசித் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள்: உடைந்த ஓடா, பீலியா, சுவரோடு குவிந்த மண்ணா? அதைச் சரிசெய்யாமல் எத்தனை முறை கழுவினாலும் அடுத்த மாரியில் கறுப்பு திரும்பி வரும். காய்ந்த பின் சுண்ணாம்பு இரண்டு தரம் அடியுங்கள். சுண்ணாம்பு காரமானது, பூஞ்சணம் அதில் இலகுவில் வளராது. விலையும் குறைவு. யாரோ கரியால் எழுதிவிட்டுப் போனவற்றையும் அதுவே மறைக்கும்.

மரக் கதவு, நிலை, அலுமாரி ஆகியவற்றை ஊறவைக்காதீர்கள். சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒத்தி, நிழலில் காற்றுப்பட விடுங்கள். குளோரின் மரத்தை வெளிறச் செய்யும். கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பீர்கள். வேலைக்கு ஆட்களைப் பிடித்தால் அந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

குசினியும் மலசலகூடமும்

அலுமினியப் பானைக்குக் குளோரினும் அப்பச்சோடாவும் ஆகாது, கறுத்துப் போகும். சாம்பலால் தேய்க்கலாம், ஆனால் சாம்பல் தண்ணீரில் ஊறவிட வேண்டாம். கறுத்ததைப் போக்கத் தேசிக்காய்த் துண்டு போட்டுத் தண்ணீர் கொதிக்க வையுங்கள். எவர்சில்வருக்குச் சாம்பலும் பொச்சும் போதும். பித்தளைக் குத்துவிளக்கும் செம்பும் வீட்டில் தப்பியிருந்தால், பழப்புளியும் கொஞ்சம் உப்பும் சேர்த்துத் தேய்த்து உடனே கழுவித் துடையுங்கள். கிடந்த மண்சட்டியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம், அது உறிஞ்சியது என்ன என்று தெரியாது. கிருமிநாசினி இருந்த கலன் எதுவானாலும், எவ்வளவு கழுவினாலும், தண்ணீர் வைக்கக் கூடாது.

மலசலகூடக் கோப்பையின் மஞ்சள் கறைக்குக் கடையில் விற்கும் கழுவும் திரவங்களில் பல கடும் அமிலம். வினாகிரியை இரவு முழுக்க ஊறவிட்டாலும் கறை மெதுவாக இளகும். எதைப் பாவித்தாலும் அன்றைக்குக் குளோரின் வேண்டாம். நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு மறுநாள் குளோரின் பாவியுங்கள். குழிக்குள் வாளி வாளியாகக் குளோரின் ஊற்றுவதும் நல்லதல்ல. மலத்தைச் சிதைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அதில் செத்துவிடும்.

சேர்க்கக் கூடாதவை

இந்தப் பகுதியை வீட்டில் வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் வாசித்துச் சொல்லுங்கள். குளோரினோடு வினாகிரி, தேசிக்காய், மலசலகூடக் கழுவும் திரவம் எதைச் சேர்த்தாலும் நச்சு வாயு எழும். அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தோடும், தேங்கிய சிறுநீரோடும் சேர்ந்தாலும் அப்படியே. இரண்டும் நல்ல சாமான், சேர்த்தால் இன்னும் நல்லாய்ப் போகும் என்று நினைப்பது இயல்பு. மூடிய சிறிய மலசலகூடத்துக்குள் அது உயிராபத்து. கண் எரிந்து இருமல் வந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே வாருங்கள். வாயு போகும்வரை உள்ளே திரும்ப வேண்டாம். மூச்சுத் திணறினால் வைத்தியசாலைக்குப் போங்கள்.

குளோரின் தூளை மண்ணெண்ணெய், பெற்றோல் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கலாம். ஈரம் படாத, மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் பேணியில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கலக்கி மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குச் சோடாப் போத்தலில் இருப்பது சோடாதான். மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். தொண்டையைச் சுட்டுக்கொண்டு இறங்கியது திரும்ப வரும்போதும் சுடும். வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் செய்து, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கால் மணித்தியாலம் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருங்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது அந்தப் போத்தலையோ பேணியையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள்.