மதில் தாண்டும் வழக்குகள்

கொழும்பு மாநகரில் வீடு பார்க்கச் செல்வோர் அறைகளை எண்ணிப் பார்ப்பர். தண்ணீர் வசதியை விசாரிப்பர். பாடசாலையும் கோவிலும் எவ்வளவு தூரம் என்று கேட்பர். பக்கத்து வீட்டில் நாய் உண்டா, அது இரவில் குரைக்குமா, அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கின்றதா என்று கேட்போர் மிக அரியர். ஆயினும் குடிபுகுந்த ஆறு மாதத்துள் அக்குடும்பத்தின் நிம்மதியைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இந்தக் கேளாத கேள்விகளாகவே இருக்கின்றன.

யாழ்ப்பாணத்து வளவொன்றில் வீட்டுக்கும் வேலிக்கும் இடையே கிணறும் தோட்டமும் பனைகளும் நிற்கும். நாய் குரைத்தாலும் அயலாரின் உறக்கம் எளிதிற் கெடாது. அங்கும் வேலி வழக்குகள் இல்லாமலில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் 1706ஆம் ஆண்டிலே கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்து, மறு ஆண்டில் நடைமுறைக்கு வந்த தேசவழமையில், எல்லை கடந்து சாய்ந்த மரத்தின் கனி யாருக்குரியது என்பதும் பேசப்பட்டிருக்கின்றது.

வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் தொடர் வீடுகளிலும் நிலைமை இன்னும் நெருக்கமானது. ஒரு வீட்டின் சமையலறை யன்னலும் அடுத்த வீட்டின் படுக்கையறை யன்னலும் ஒரே மதிலின் இரு புறத்திலும் இருக்கின்றன. காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளிலே பழைய தனி வீடுகள் பல இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. ஒரு குடும்பம் வாழ்ந்த நிலத்திலே பல குடும்பங்கள் வாழ்கின்றன. மதில் மனிதரை மறிக்கும். பூனையையும் காகத்தையும் நுளம்பையும் நாயின் குரலையும் அது மறிப்பதில்லை.

இவற்றால் எழும் பிணக்குகளைச் சில்லறைச் சண்டைகள் என்று நாம் ஒதுக்கிவிடுகின்றோம். அவற்றுட் சில உண்மையிலேயே சில்லறையானவை. சிலவோ உயிரோடு சம்பந்தப்பட்டவை. எது எந்த வகை என்று பிரித்தறிவது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியமாகும்.

பேசித் தீர்க்கக்கூடியவை

முதலிலே குரைப்பை எடுத்துக்கொள்வோம். பகல் முழுவதும் வீட்டுக்கும் மதிலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியிலே கட்டப்பட்டிருக்கும் நாய், இரவில் குரைப்பதன்றி வேறு என் செய்யும்? அது கெட்ட நாயன்று, சலித்துப்போன நாய். காலையும் மாலையும் அதனை உலாவ அழைத்துச் செல்வதும், இரவிலே ஒழுங்கை தெரியாத பக்கமாகப் படுக்கவைப்பதும் பெரும்பாலும் பயன் தரும். நாயின் சொந்தக்காரர் அதன் குரலுக்குப் பழகி உறங்கிவிடுவார். அயல் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் அவ்வாறு பழகியிருக்கமாட்டான். ஆகவே, முறையிட வருபவரைப் பகைவராக எண்ணாமல், நமக்குக் கேளாத ஒன்றைக் கேட்டுச் சொல்ல வந்தவராக எண்ணுதல் நலம்.

அடுத்தது பூனை. நாற்றுமேடையைக் கிளறுவதாக அதன்மீது பழி விழும். உலர்ந்து இளகிய மண்ணையே பூனை நாடும். மண்ணை ஈரமாக வைத்து, நாற்றுகளுக்கிடையே சிறு குச்சிகளை நெருக்கமாக ஊன்றிவிட்டால் அது வேறிடம் தேடிப் போய்விடும். இதற்காக நஞ்சு வைப்போரும் உளர். நஞ்சிட்ட உணவு குறித்த பூனைக்கு மாத்திரம் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. காகம் அதனைக் கொத்திச் சென்று வேறொரு முற்றத்திற் போடக்கூடும். அங்கே குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கக்கூடும். அன்றியும், பிராணிகளைச் சித்திரவதை செய்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1907ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருக்கின்றது.

காகத்தைப் பற்றிச் சொல்லும்போது நம்மவரின் வழக்கமொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சனிக்கிழமைகளிலும் விரத நாட்களிலும் காகத்துக்குச் சோறு வைத்த பின்னரே உண்பது பல இல்லங்களில் முறை. அச்சோறு பொது மதிலின்மேல் வைக்கப்படும்போதுதான் தொல்லை தொடங்குகின்றது. காகம் உண்டது போக மிகுதி அடுத்த வளவிலே சிந்தும்; இரவில் எலி வரும். அளவாக வைத்து, நம் பக்கத்துத் திண்ணையிலே வைத்து, எஞ்சியதைப் பொழுது சாயுமுன் அகற்றிவிட்டால் புண்ணியமும் குறையாது, அயலாரின் மனமும் நோகாது.

தொடர்மாடிகளில் வழக்கு மேலிருந்து கீழாக நடக்கும். மேல்மாடிப் பூச்சட்டிக்கு ஊற்றிய தண்ணீர் கீழ்மாடியில் உலரும் சேலையிற் சொட்டும். சட்டியின் கீழே தட்டு வைத்தால் அது தீரும். ஆனால் அந்தத் தட்டிலிருந்தே வேறொரு தொல்லை பிறக்கின்றது.

தண்ணீர்க் கிண்ணத்தின் கதை

இதுவரை கூறியவை பொறுமையினால் தீர்பவை. இனிக் கூறப்போவது அவ்வாறானதன்று.

டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பு ஆற்றிலோ வாய்க்காலிலோ முட்டையிடுவதில்லை. மனிதர் வாழும் இடத்தை அடுத்து, சிறு பாத்திரங்களில் தேங்கும் நீரையே அது தேடுகின்றது. பூச்சட்டியின் தட்டு, கூரைப் பீலி, வீசப்பட்ட சிரட்டை ஆகியவற்றைப் பற்றிப் பலரும் அறிவர். நாய்க்கும் கோழிக்கும் பறவைக்கும் வைக்கும் தண்ணீர்க் கிண்ணத்தை நினைப்போர் குறைவு. தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பினாற் போதும் என்றும் எண்ணுகின்றனர். அது போதாது. நுளம்பின் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம் அல்லது பத்து நாட்கள் போதும். எனவே வாரத்துக்கு ஒரு முறையாவது கிண்ணத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

இந்த நுளம்பு நெடுந்தூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் தான் பிறந்த இடத்தை அடுத்த சில வீடுகளையே சுற்றித் திரியும். ஆகவே, நம் பிள்ளையைக் கடித்த நுளம்பு ஒன்றில் நம் வளவிலே பிறந்தது, அன்றேல் அயலார் வளவிலே பிறந்தது. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நுளம்பு பெருக இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குற்றப்பத்திரம் எழுதும்வரை காத்திராமல், இரு வீட்டுப் பிள்ளைகளும் ஞாயிறு காலையில் இரு வளவுகளையும் சேர்ந்து பார்வையிட்டால் அரை மணி நேரத்திலே வேலை முடிந்துவிடும்.

மரியாதை உயிரை வாங்கலாகாது

சண்டையால் வரும் கேட்டைப் பற்றியே யாவரும் பேசுகின்றனர். மரியாதையால் வரும் கேடும் ஒன்றுண்டு.

அயல் வீட்டு நாய் விளையாட்டிலே பிள்ளையின் காலைக் கவ்விவிடுகின்றது. தோல் சிறிது கிழிந்து இரத்தம் கசிகின்றது. பிள்ளையின் தாய், “பரவாயில்லை அன்ரி, சின்னக் கீறல்தானே” என்கின்றாள். அயல் வீட்டு அம்மா, “எங்கட நாய் கேற்றுக்கு வெளியிலே போறதேயில்லை, பயப்படாதே பிள்ளை” என்கின்றார். காயத்தில் மஞ்சளோ கோப்பித்தூளோ அப்பப்படுகின்றது. நெடுங்கால நட்பு கெட்டுவிடக்கூடாதென்று இரு வீட்டாரும் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்கின்றனர். சில வேளைகளிலே, அடி விழும் என்று அஞ்சிப் பிள்ளையே கடியை மறைத்துவிடுகின்றது.

விசர்நாய்க்கடி நோயின் கிருமி காயத்தினூடாகப் புகுந்து, நரம்பின் வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்வது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களின் பின்னரே நோயின் குறிகள் தோன்றும். தோன்றியபின் பிழைத்தவர் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர். ஆனால் தோன்றுமுன் தடுத்துவிடலாம். 1885ஆம் ஆண்டு யூலை மாதத்திலே லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் யோசப் மைஸ்டருக்குத் தடுப்பு மருந்தேற்றிக் காப்பாற்றிய நாள் முதலாக, இந்நோயால் ஒருவர் மாள்வது பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய மரணமாகவே ஆகிவிட்டது.

செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, கடித்த இடத்தை உடனே சவர்க்காரம் இட்டு, ஓடும் குழாய் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவுதல். பதினைந்து நிமிடம் நீண்ட நேரம்; கடிகாரத்தைப் பார்த்தே கழுவுக. மஞ்சள், சுண்ணாம்பு முதலியவற்றை அப்பலாகாது. இரண்டு, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுதல். அங்கே ஊசி இலவசமாகப் போடப்படும். எத்தனை ஊசி, எவ்வகை மருந்து என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். முகம், தலை, விரல்களில் ஏற்பட்ட கடி மிகவும் பாரதூரமானது. பூனை கடித்தாலும் கீறினாலும் இம்முறையே கொள்ளத்தக்கது.

மூன்றாவது, நாயைக் கண்காணித்தல். இங்கேதான் அயலவரின் ஒத்துழைப்பு இன்றியமையாதது. கடிக்கும் வேளையிலே நோயைப் பரப்பும் நிலையிலிருந்த நாய் பத்து நாட்களுக்குள் நோய்க்குறி காட்டும் அல்லது இறந்துபோகும். வைத்தியர் பதினான்கு நாட்கள் பார்க்கச் சொன்னால் பதினான்கு நாட்களும் பார்த்தல் வேண்டும். அந்நாட்களில் நாயைக் கட்டி வைத்து, அது உண்கின்றதா, குரல் மாறுகின்றதா என்று பார்த்து, பிள்ளையின் வீட்டாருக்கு நாள்தோறும் அறிவிக்க வேண்டியவர் நாயின் சொந்தக்காரரே. பழிக்கு அஞ்சி நாயை வண்டியில் ஏற்றித் தொலைவில் விட்டுவிட்டாலும், கோபத்தில் அடித்துக் கொன்று புதைத்துவிட்டாலும், வைத்தியர் அறிய வேண்டிய செய்தி அழிந்துபோகின்றது. நாய் இறந்துவிட்டால் அதனைப் புதைக்காமல் மிருக வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். அதன் தலை பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திலே பரிசோதிக்கப்படும்.

இந்நாட்டிலே 1973ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் பணி பரவியதாலும், கடிபட்டோர் வைத்தியசாலையை நாடியதாலும் அந்தத் தொகை பின்னர் இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கிற்று. எஞ்சிய மரணங்களுள்ளும் பெரும்பாலானவை உரிய நேரத்தில் ஊசி பெறாதவர்களுடையவை.

சட்டமும் மணியும்

விசர்நாய்க்கடி நோய் பற்றிய கட்டளைச் சட்டம் இலங்கையில் 1893ஆம் ஆண்டிலே, அதாவது பாஸ்டரின் வெற்றிக்கு எட்டே ஆண்டுகளின் பின், இயற்றப்பட்டது. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டில் வந்தது. ஒழுங்கையிலே உரிமையாளரின்றித் திரியும் நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் 2006ஆம் ஆண்டில் கைவிடப்பட்டு, அவற்றுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்யும் முறை வகுக்கப்பட்டது. ஆகவே, ஒழுங்கைக்குப் பொதுவான நாய்க்கு ஒழுங்கையார் யாவரும் பொறுப்பாளர்கள். சோறு போடுபவர் ஒருவரும் ஊசிக்குப் பிடித்துக் கொடுப்பவர் ஒருவருமாக அதனைப் பகிர்ந்துகொள்ளலாம்.

பேச்சினால் தீராத பிணக்கை நீதிமன்றம் வரை கொண்டு செல்லுமுன் மத்தியஸ்த சபை என்ற வாயில் உண்டு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இச்சபைகளிலே வழக்கறிஞர் வாதாடுவதில்லை. சபையினர் தீர்ப்பு வழங்குவதுமில்லை. இரு பக்கத்தாரையும் இருத்திப் பேசவைத்து இணக்கத்துக்குக் கொண்டுவருவதே அவர்களது கடமை. தொடர்மாடியில் வாழ்வோர்க்கு, வீட்டுச் சொந்தக்காரர் யாவரும் அங்கம் வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உண்டு. வளர்ப்புப் பிராணிகள் பற்றிய விதிகளைச் சண்டை வந்தபின் தேடாமல், வருமுன்னரே அங்கே கேட்டறிதல் நன்று.

அனுராதபுரத்தில் நாற்பத்துநான்கு ஆண்டுகள் அரசு செலுத்திய எல்லாளன், முறையிட வருவோர் அடிப்பதற்காகத் தன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணியைக் கட்டி வைத்திருந்தான் என்று மகாவம்சம் கூறுகின்றது. கன்றை இழந்த பசுவும், குஞ்சைப் பாம்புக்குப் பறிகொடுத்த பறவையும் அம்மணியை அடித்தன என்பது அந்நூல் சொல்லும் கதை. மணியின் கயிறு எளியோர்க்கும் எட்டும்படி தொங்கியமையே அக்கதையின் சிறப்பு. நம் காலத்திலே அந்தக் கயிறு பக்கத்து வீட்டுப் படலையில் இருக்கின்றது. அந்த வீட்டார் சிங்களவராகவோ முஸ்லிம்களாகவோ பறங்கியராகவோ இருக்கலாம். மொழி சற்றுத் தடுக்கலாம். நாயின் தடுப்பூசி அட்டையைக் காட்டுவதற்கு அதிக மொழி வேண்டியதில்லை.

இன்று மாலையே நம் நாயின் அட்டையை எடுத்துத் திகதியைப் பார்ப்போம். ஓராண்டு கடந்திருந்தால் இந்த வாரமே ஊசி போடுவிப்போம். பின்னர் அடுத்த வீட்டாரிடம் அதனைக் காட்டி, நம் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்து வருவோம். அவர்களுடைய நாயின் அட்டையையும் அப்பொழுதே கேட்டுப் பார்க்கலாம். யாரும் கடிபடாத நாளிலே அந்தக் கேள்வி எவரையும் புண்படுத்தாது. பிள்ளைகளுக்கும் ஒன்றைச் சொல்லி வைப்போம்: எந்த நாய் கடித்தாலும், எவர் வீட்டு நாய் கடித்தாலும், வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும்; சொன்னதற்காக அடி விழாது.