இராயபுரம் ரயில் நிலையத்தின் மரச்செதுக்குப் படங்கள்

1856ஆம் ஆண்டு சென்னை இராயபுரத்தில் ரயில் நிலையம் திறக்கப்பட்டதை ஒட்டி, லண்டனிலிருந்து வெளிவந்த 'இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்' என்னும் வார இதழ் இராயபுரம், வாலாஜா ஆகிய இரு நிலையங்களின் படங்களை விரிவான செய்தியுடன் வெளியிட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையைப் பற்றி எழுதுவோர் இன்றும் எடுத்தாளும் படங்கள் இவை. பார்ப்பதற்குப் பழைய ஒளிப்படங்களைப் போலத் தோன்றினாலும், மரக்கட்டையில் செதுக்கி மை தடவி அச்சிடப்பட்டவை. சார்லஸ் டிக்கன்ஸ், தாக்கரே முதலியோரின் புதினங்களுக்குப் படம் செதுக்கிய லண்டன் பட்டறைகளில், அதே கருவிகளைக் கொண்டுதான் இத்தகைய செய்திப் படங்களும் உருவாயின. ஆகவே இராயபுரம் படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள விரும்பும் மாணவர், கதைப் புத்தகங்களின் படங்கள் எப்படித் தோன்றின என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

நிலையமும் திறப்பு விழாவும்

இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853இல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே ஓடியது. அடுத்த ஆண்டில் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு ரயில் விடப்பட்டது. மூன்றாவதாக வந்தது சென்னை. ஜார்ஜ் கோட்டைக்கும் வணிகர் வாழ்ந்த கறுப்பர் நகரத்துக்கும் அருகில் இருந்ததால் இராயபுரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. சென்னை ஆளுநர் ஹாரிஸ் பிரபு 1856 ஜூன் 28 அன்று நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா வரை, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவுக்கு, மக்கள் பயணம் செய்யத் தொடங்கினர்.

பம்பாயிலும் தாணேயிலும் முதலில் கட்டப்பட்ட நிலையங்கள் இன்று இல்லை. ஆனால் இராயபுரத்தின் பழைய கட்டடம் உயர்ந்த தூண்களுடன் இன்னும் நிற்கிறது. 2005இல் புதுப்பிக்கவும் பட்டது. இந்தியாவில் எஞ்சியிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களுள் இதுவே மிகப் பழையது எனச் சொல்லப்படுவது இதனால்தான். படத்தை ஆராய்வோருக்கு இது பெரிய வசதி. 19ஆம் நூற்றாண்டுச் செய்திப் படங்கள் பலவற்றுக்கு ஒப்பிட்டுப் பார்க்க மூலப்பொருள் எதுவும் மிஞ்சவில்லை. இங்கே கட்டடமே சாட்சியாக நிற்கிறது.

மரத்தில் படம் செதுக்கும் முறை

மரத்தில் செதுக்கி அச்சிடுவது மிகப் பழைய கலை. துணிக்கு அச்சுப் போடும் மரக்கட்டையைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். மை ஒட்ட வேண்டிய இடம் மேடாக நிற்கும். மற்ற இடத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். பழைய முறையில் மரத்தின் நாரோட்டத்தை ஒட்டிப் பலகையாக அறுத்து, கத்தியால் வெட்டினார்கள். கோடுகள் தடித்து வரும். நுட்பமான நிழல் காட்ட இயலாது.

இங்கிலாந்தின் தாமஸ் பீவிக் (1753–1828) வேறு வழியைப் பரப்பினார். மரத்தைக் குறுக்கே அறுத்து, நார்களின் முனைகள் மேலே தெரியும் பக்கத்தை இழைத்து, உலோகத் தகட்டில் செதுக்கப் பயன்படும் கூர் உளியால் அதில் கோடு இழுத்தார். இதற்கு உகந்தது 'பாக்ஸ்வுட்' எனப்படும், மிகவும் இறுகிய மரம். உளி எந்தத் திசையில் சென்றாலும் நார் பிய்ந்து வராது. மயிரிழை போன்ற வெள்ளைக் கோடுகளை இழுத்து, அவற்றின் நெருக்கத்தைக் கொண்டே வானம், நீர், துணி, முகம் என எல்லாவற்றுக்கும் நிழல் கொடுக்க முடிந்தது.

இம்முறையின் மற்றொரு சிறப்பே இதழ்களின் வரலாற்றை மாற்றியது. கட்டையின் உயரத்தை அச்செழுத்தின் உயரத்துக்குச் சரியாக அமைத்துக்கொண்டால், எழுத்தையும் படத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே முறையில் அச்சிடலாம். செம்புத் தகட்டிலோ எஃகுத் தகட்டிலோ செய்த படத்துக்கு இது இயலாது. அங்கே பள்ளத்தில்தான் மை நிற்கும்; அதற்குத் தனி அச்சுப் பொறியும் தனித் தாளும் வேண்டும்.

பாக்ஸ்வுட் பருமனாக வளரும் மரமன்று. அதனால் பெரிய படத்துக்குச் சிறு கட்டைகள் பலவற்றைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். ஓவியர் முழுப் படத்தையும் அதன்மேல் வரைந்த பிறகு, கட்டைகளைத் தனித்தனியே பிரித்து ஆளுக்கொன்றாகச் செதுக்கும் வழக்கமும் வந்தது. ஒருவர் வானத்தைச் செதுக்கிக்கொண்டிருக்க, இன்னொருவர் கூட்டத்தைச் செதுக்கிக்கொண்டிருப்பார். முடிந்ததும் மீண்டும் பொருத்துவார்கள். வார இதழுக்கு நேரம் இல்லாததால் இரவெல்லாம் வேலை நடப்பதும் உண்டு. பழைய படங்களை உற்றுப் பார்த்தால், குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடுவது சிலவற்றில் தெரியும். அது கிழிசலோ மடிப்போ இல்லை, கட்டைகள் சேர்ந்த இடம்.

புதினங்களில் படங்கள்

விக்டோரியா காலத்துப் புதினங்கள் பல, முழுப் புத்தகமாக வருமுன் மாதப் பகுதிகளாக வந்தன. டிக்கன்சின் 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836இல் அப்படித்தான் தொடங்கியது. ஒரு பகுதியின் விலை ஒரு ஷில்லிங். முதலில் படம் போட்ட ராபர்ட் சீமோர் தொடக்கத்திலேயே தற்கொலை செய்துகொண்டார். அவருக்குப் பின் வந்த ராபர்ட் பஸ் நிலைக்கவில்லை. மூன்றாவதாக வந்த ஹேப்லாட் நைட் பிரௌன், 'ஃபிஸ்' என்னும் புனைபெயரில் டிக்கன்சுடன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணிபுரிந்தார். 32 பக்கக் கதைக்கு இரண்டு படங்கள். அவை எஃகுத் தகட்டில் அமிலத்தால் அரித்துச் செய்யப்பட்டவை. விற்பனை பெருகித் தகடு தேய்ந்தபோது, ஒரே காட்சியை இரண்டு தகடுகளில் வரைய வேண்டியிருந்தது. ஆகவே ஒரே கதையின் ஒரே காட்சி, இரு பிரதிகளில் சற்றே வேறுபட்டுக் காணப்படும்.

மரச்செதுக்கும் தகட்டுப் படமும் ஒரே நூலில் சேர்ந்து வந்ததற்கு 1843இல் வெளியான 'எ கிறிஸ்துமஸ் கரோல்' நல்ல எடுத்துக்காட்டு. ஜான் லீச் வரைந்த எட்டுப் படங்களில் நான்கு, கையால் வண்ணம் தீட்டிய தகட்டுப் படங்கள். நான்கு, மரத்தில் செதுக்கியவை. இந்த நான்கையும் செதுக்கிய டபிள்யூ. ஜே. லிண்டன் 'இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்' இதழுக்கும் செதுக்கியவர். அவ்விதழ் 1842 மே மாதத்தில் ஹெர்பர்ட் இங்க்ராமால் தொடங்கப்பட்டது.

சென்னை வாசகர் கவனிக்க வேண்டிய புதினம் தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' (1847–48). கல்கத்தாவில் பிறந்து, சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட தாக்கரே, இந்நூலுக்குப் படங்களையும் தாமே வரைந்தார். கதையின் ஒரு பகுதி சென்னை மாகாணத்தில் நடக்கிறது. ஆனால் அங்கே வரும் இராணுவ முகாமின் பெயர் கற்பனை. நோயுற்ற டாபின், கல்கத்தாவிலிருந்து வரும் கப்பலில் சென்னையில் ஏறி ஊர் திரும்புகிறான். அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலிலேயே நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் அலையைக் கடந்து போய் ஏற வேண்டும். அந்தப் படகை ஓட்டியவர்களும் கட்டுமரக்காரர்களும் ஆங்கில அச்சுப் படங்களில் மீண்டும் மீண்டும் வருகிறார்கள். பெயரோடு வருவதில்லை. 'சென்னைக் காட்சி' என்றால் சேர்க்க வேண்டிய உருவங்களாகவே வருகிறார்கள்.

ஒரே பட்டறை, இருவகை வேலை

இராயபுரம் போன்ற ஓர் ஊரின் செய்திப் படம் பல கைகளைக் கடந்து வந்தது. ஊரில் இருந்த ஒருவர், பெரும்பாலும் ஒரு பொறியாளரோ இராணுவ அலுவலரோ, ஒரு கோட்டோவியம் வரைந்து அனுப்புவார். சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் அஞ்சல், கப்பலிலும் சூயஸ் நிலவழியிலும் மாறி மாறிச் சென்று லண்டனை அடைய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அங்கே இதழின் ஓவியர் அந்தக் கோட்டோவியத்தைக் கட்டையின்மேல் திருத்தி வரைவார். பிறகு செதுக்குபவர். இவ்விருவரும் சென்னையைப் பார்த்திருக்க வேண்டிய தேவை இல்லை.

அனுப்பப்பட்ட ஓவியத்தில் கட்டடத்தின் அளவுகள் சரியாக இருக்கலாம். ஆட்கள் வெறும் கிறுக்கலாக இருக்கலாம். அந்தக் கிறுக்கல்களுக்கு உடையும் தலைப்பாகையும் முகமும் கொடுப்பவர் லண்டன் ஓவியர். முன் வாரம் ஒரு கதைக்கு மாலுமியையோ பிச்சைக்காரனையோ வரைந்த பழக்கம் அந்தக் கையில் இருக்கும். ஆகவே இத்தகைய படங்களில் கட்டடத்தை ஓரளவு நம்பலாம், மனிதர்களை நம்புவதற்கு முன் யோசிக்க வேண்டும். இராயபுரம் படத்தைக் காட்டி 1856இல் மக்கள் இப்படி உடுத்தினர் என்று எழுதுவது அவசர முடிவு.

செய்திப் படத்துக்கும் கதைப் படத்துக்கும் இடையே இருந்த நெருக்கத்துக்கு லூக் ஃபில்ட்ஸ் சான்று. 1869 டிசம்பரில் தொடங்கிய 'தி கிராஃபிக்' இதழின் முதல் எண்ணில், இரவு தங்க இடம் கேட்டு வரிசையில் நிற்கும் லண்டன் ஏழைகளை அவர் வரைந்தார். ஓவியர் மில்லே அதை டிக்கன்சிடம் காட்ட, டிக்கன்ஸ் தம் கடைசிப் புதினமான 'எட்வின் ட்ரூட்' நூலுக்கு ஃபில்ட்சையே அமர்த்திக்கொண்டார். செய்தி இதழ் கதைக்கு ஓவியரைத் தந்தது.

சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்தின் துயரமும் இதே இதழ்களில் ஏறியது. 1876–78 பஞ்சத்தின்போது பெல்லாரி மாவட்டத்து மக்களும் கால்நடைகளும் பட்ட பாட்டை 1877 அக்டோபரில் 'தி கிராஃபிக்' படமாக வெளியிட்டது; பெல்லாரியில் நடந்த நிவாரணத்தை 'இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்' காட்டியது. லண்டன் மேயர் அவ்வாண்டு நிவாரண நிதி திரட்டினார். அந்தப் படங்களில் உள்ள எலும்பும் தோலுமான உருவங்களை ஓவியரின் மிகை என்று ஒதுக்க முடியாது. டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்னும் இராணுவ அலுவலர் அதே பஞ்சத்தில் எடுத்த ஒளிப்படங்கள் இருக்கின்றன. அவை செதுக்குப் படங்களைவிடக் கொடியவை.

சென்னையில் செதுக்கியவர்கள்

லண்டனில்தான் இக்கலை இருந்தது என்று எண்ணக்கூடாது. சென்னையில் இராணுவ மருத்துவராக இருந்த அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அரசு அதை ஏற்றது. இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதன் வழிவந்ததே. அங்கே கற்பிக்கப்பட்ட தொழில்களுள் மரச்செதுக்கும் ஒன்று. ஆக, இராயபுரம் நிலையம் திறந்தபோது நிலையத்தை நேரில் பார்த்துச் செதுக்கக்கூடிய மாணவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். உலகம் பார்த்ததோ லண்டனில் செதுக்கிய படத்தை.

இதற்கு முற்றிலும் வேறான ஒரு மரபு இராயபுரத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தது. கொண்டித்தோப்பிலிருந்து இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் முதலிய பதிப்பகத்தார் வெளியிட்ட 'பெரிய எழுத்து' நூல்களில், விக்கிரமாதித்தனும் நல்லதங்காளும் தடித்த கோடுகளில் நிற்பார்கள். நிழல், தொலைவு, மங்கல் எதுவும் இராது. கண்கள் பெரியவை, நகைகள் தெளிவானவை. திருவிழாக் கடைகளில் இப்புத்தகங்களை வாங்கியவர்களுக்குக் கதைமாந்தரை உடனே அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். விக்டோரியா காலப் படங்களோடு ஒப்பிட்டு இவற்றை நயமற்றவை என்று சொல்வோர் உண்டு. அது பொருந்தாத ஒப்பீடு, நோக்கமே வேறு.

பழைய படம் கைக்கு வந்தால்

இத்தகைய படங்கள் இன்று பழம்பொருள் கடைகளிலும் இணையத்திலும் தனித் தாள்களாக விற்கப்படுகின்றன. பெரும்பாலும் பழைய இதழ்த் தொகுப்பைப் பிரித்து எடுத்த பக்கங்கள் அவை. படம் பிழைத்தது, அதனுடன் இருந்த செய்தி எங்கோ போயிற்று. வாங்குவோர் முதலில் தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்பக்கம் வேறு செய்தி அச்சாகியிருந்தால் அது இதழ்ப் பக்கம் என்று உறுதியாகக் கொள்ளலாம். வண்ணம் இருந்தால் ஐயம் கொள்வது நல்லது. 1850களின் வார இதழ்ப் படங்கள் பொதுவாகக் கறுப்பு வெள்ளை; அழகுக்காகப் பிற்காலத்தில் தீட்டிய வண்ணத்தைக் கொண்டு ஒரு கட்டடத்தின் பழைய நிறத்தை முடிவு செய்ய இயலாது.

படத்தின் கீழ் மூலைகளில் சிறு எழுத்தில் பெயர்கள் இருக்கக்கூடும். பெயருக்குப் பின் 'எஸ்சி' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்தால், 'செதுக்கினார்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் சுருக்கம் அது. ஓவியரின் பெயர் வேறாக இருக்கும். டால்சியல் சகோதரர்கள் போன்ற பெரும் பட்டறைகளில் பலர் உழைத்தாலும் பட்டறையின் பெயரே பொறிக்கப்பட்டது. ஒளிப்படத்தைப் பார்த்துச் செதுக்கியதா, கோட்டோவியத்தைப் பார்த்தா என்பதைத் தலைப்பிலோ செய்தியிலோ இதழ்களே சில வேளை குறிப்பிடும். அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஒளிப்படத்தைப் புள்ளிகளாக மாற்றி அச்சிடும் 'ஹாஃப்டோன்' முறை 1880களிலிருந்து பரவியதும் செதுக்குப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியின் பெரிய தொழிற்சாலைகள் எல்லாம் அதற்குப் பின் வந்தவை. அவற்றுக்கு மரச்செதுக்குப் படம் கிடைக்காது. இராயபுரம் நிலையத்துக்கு உண்டு. படத்தின் நகலுடன் நிலையத்தின் எதிரே போய் நின்று தூண்களையும் வாயில்களையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கும் பயிற்சியை, வரலாறு படிக்கும் மாணவர்கள் ஒரு காலை நேரத்திலேயே செய்து முடிக்கலாம்.